இருதிசை எழுத்துக்குக் கைகொடுத்த கொழும்பு அன்பர்களுக்கு

அன்புடையீர்,

நண்பர்கள் சிலர் சேர்ந்து, வேலை நேரம் போக மிஞ்சிய பொழுதில் எழுதிவரும், கணினியில் தட்டெழுதவும் திருத்தவும் உதவும் இலவச உரைத் தொகுப்பியின் புதிய பதிப்பு வெளியாகிவிட்டது. தமிழ், சிங்களம், ஆங்கிலம் மூன்றும் அதில் முன்பே ஒழுங்காக இருந்தன. இப்போது அரபும் வலமிருந்து இடமாக, எழுத்தோடு எழுத்து சேர்ந்து, தமிழ் வரியின் நடுவிலேயே வந்து உட்காருகிறது. அதுவரை அரபு வேண்டியவர்கள் அதைப் படமாக வெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நிரல் எழுதியவர்கள் நாங்கள். இது சரி, இது பிழை என்று சொன்னவர்கள் நீங்கள். நீங்கள் சொல்லியிராவிட்டால் எங்கள் நிரல் சோதனைகளில் தேறி, ஒருவருக்கும் உதவாமல் கிடந்திருக்கும். பெயர் போட வேண்டாம் என்று அநேகமாக எல்லோரும் கேட்டுக்கொண்டதால் தொழிலையும் தெருவையும் சொல்லியே அழைக்கிறேன். உரியவர்களுக்குப் புரியும்.

முதலில் ஊருக்கு வெளியே உள்ள கடனைச் சொல்லிவிடுகிறேன். எதிரெதிர்த் திசையில் ஓடும் எழுத்துகள் ஒரே வரியில் கலப்பதே இருதிசை எழுத்து; அதற்கான விதிகளை, உலக எழுத்துகளுக்கெல்லாம் கணினியில் பொது எண் தரும் யுனிகோட் தரம் தனது ஒன்பதாம் இணைப்பில் எழுதி வைத்திருக்கிறது. ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு குணம் உண்டு. தமிழும் சிங்களமும் இடமிருந்து வலம் போகும். அரபும் எபிரேயமும் வலமிருந்து இடம். இலக்கங்கள் அவ்வளவு உறுதியானவை அல்ல. இடைவெளியும் நிறுத்தக்குறியும் பக்கத்து வீட்டாரைப் பார்த்து நடப்பவை. இந்தக் குணங்களிலிருந்து ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு படிநிலை எண் கிடைக்கும்; இரட்டைப்படை என்றால் இடமிருந்து வலம், ஒற்றைப்படை என்றால் வலமிருந்து இடம். கணக்குச் சரியா என்று பார்க்க இலட்சக்கணக்கான சோதனைகளையும் யுனிகோட்டே இலவசமாகத் தருகிறது. கணக்கைப் போட ஃபிரைபிடி, அரபு எழுத்தின் முதல், நடு, கடை, தனி வடிவங்களைத் தேர்ந்து கோக்க ஹார்ஃபபஸ். இரண்டும் திறமூல நிரல் நூலகங்கள். 2012இல் வந்த ஈமேக்ஸ் 24 என்ற உரைத் தொகுப்பியில் இதே வேலையைச் செய்த எலி சரெட்ஸ்கி தமது நிரலின் தலைமாட்டில் எழுதிவைத்த நீண்ட விளக்கத்தையும் வாசித்துப் பயன்பெற்றோம். இவர்களுக்குத் தமிழில் நன்றி சொல்லி என்ன பயன் என்று கேட்கலாம். கடன் கடன்தான்.

இனி நம் ஊர்.

புதுக்கடையில் திருமண அழைப்பிதழும் மத்ரஸாத் துண்டுப்பிரசுரமும் அடிக்கும் அச்சக நானாவுக்கே முதல் மாலை. அவர் கொண்டுவந்த குறை இது: அரபில் ஒருவர் பெயர், அதை ஒட்டித் தொலைபேசி இலக்கம். தட்டெழுதுவது 077 என்று தொடங்கி, இடைக்கோடு போட்டு, மிச்சம். திரையில் மிச்சம் முன்னாலும் 077 பின்னாலும் நிற்கிறது. “இந்த இலக்கத்துக்கு எடுத்தால் மாப்பிள்ளை வீட்டிலா பேசுவார்கள்?” என்று கேட்டார்.

விதிகளின்படி அது பிழையே அல்ல என்பதுதான் வேடிக்கை. அரபு எழுத்தைத் தொடர்ந்து வரும் சாதாரண இலக்கம், அரபு இலக்கம் போலவே நடத்தப்படும். அப்படி ஆனபின் இடைக்கோட்டுக்கு இரு பக்கத்தையும் ஒன்றாகக் கட்டிவைக்கும் பலம் இல்லை. 077 ஒரு துண்டு, மிச்சம் இன்னொரு துண்டு என்றாகி, இரண்டும் வலமிருந்து இடமாக அடுக்கப்படும். சாய்கோட்டுக்கு அந்தப் பலம் உண்டு. அதனால்தான் அதே அழைப்பிதழில் 12/05/2024 என்பது போல எழுதிய திகதி ஆடாமல் நின்றது. இடைக்கோடு போட்ட திகதி தலைகீழானது. எபிரேய எழுத்தின் பின்னால் வந்திருந்தால் இடைக்கோடும் சும்மா இருந்திருக்கும். இந்த வேறுபாட்டை நாங்கள் இணைப்பில் வாசித்துக் கடந்து போயிருந்தோம். அவரோ அழைப்பிதழ்களை வரிசையாக மேசையில் பரப்பி, எது திரும்புகிறது எது திரும்பவில்லை என்று தாமாகவே பிரித்து வைத்திருந்தார்.

பெயருக்கும் இலக்கத்துக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத திசைக்குறி ஒன்றை வைத்தால் போதும். அதைத் தொகுப்பியே தானாக வைக்கட்டும் என்றோம். நானா மறுத்தார். தம் கோப்பில் தமக்குத் தெரியாமல் எதுவும் நுழையக் கூடாது. இன்னோர் அச்சகத்துக்கு அனுப்பினால் அங்கே அது என்ன செய்யும் என்று யார் பொறுப்பேற்பது? அவர் சொன்னதே நின்றது. இப்போது இலக்கத்தைத் தெரிவுசெய்து ஒரு விசையை அழுத்தினால், யுனிகோட் 6.3 பதிப்பு 2013இல் கொண்டுவந்த தனிப்படுத்தும் குறிகள் இரு பக்கமும் விழும். விழுந்த இடத்தில் சாம்பல் நிறத்தில் சிறு கட்டம் தெரியும்.

அந்தக் கட்டம் தெரிந்தே ஆக வேண்டும் என்று அடம்பிடித்தவர் கணினி பயிலும் ஒரு பல்கலைக்கழக மாணவி. கேம்பிரிட்ஜைச் சேர்ந்த நிக்கலஸ் பவுச்சரும் ரொஸ் அண்டர்சனும் 2021இல் இதே திசைக்குறிகளை நிரலுக்குள் ஒளித்து வைத்து, வாசிப்பவர் கண்ணுக்கு ஒன்றையும் கணினிக்கு வேறொன்றையும் காட்டலாம் என்று நிரூபித்தார்கள். அழைப்பிதழ் அடிப்பவருக்கு இதெல்லாம் எதற்கு என்று எங்களில் ஒருவர் முணுமுணுத்தார். உறுதிப் பத்திரம் எழுதுபவருக்கு வேண்டும் என்றார் மாணவி. நீதிமன்றங்களும் சட்டத்தரணிகளும் நிறைந்த புதுக்கடைப் பக்கம் நின்றுகொண்டு அதை மறுக்க முடியவில்லை.

நானாவின் இன்னொரு கண்டுபிடிப்பு அடைப்புக்குறி. அழைப்பிதழ்களில் பெரும்பாலும் வரும் குர்ஆனின் அர்ரூம் அத்தியாயத்து வசனம், அதன் முடிவில் அடைப்புக்குள் 30:21. முன்னோட்டப் பதிப்பில் இரண்டு அடைப்புக்குறிகளும் ஒரே பக்கம் பார்த்து நின்றன, ஒன்று வசனத்துக்கு இந்தப் பக்கமும் மற்றது அந்தப் பக்கமுமாக. 2013க்கு முந்திய விதிகளில் அடைப்புக்குறிகளைச் சோடியாகக் கருதும் விதி இல்லை. புதிய நூலகத்தை இணைத்ததும் அது தீர்ந்தது.

கொட்டாஞ்சேனையில் பக்க வடிவமைப்புச் செய்யும் அக்காவுக்கு அரபு ஓர் எழுத்தும் தெரியாது. ஆனால் எங்கள் குழுவில் பாதிப்பேருக்கு விளங்காததை அவர் ஒரே மூச்சில் பிடித்துக்கொண்டார். காரணம் பாமினி என்ற பழைய தமிழ் எழுத்துரு. பாமினியில் ‘கொ’ எழுத முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். கண் பார்க்கும் வரிசையே கோப்பின் வரிசை. யுனிகோட்டில் முதலில் க, அப்புறம் உயிர்க்குறி; கொம்பை முன்னால் கொண்டுவந்து காட்டுவது திரையின் பாடு. அரபிலும் சொல்லும் வரிசையில் சேமித்துவிட்டு, காட்டும்போது மட்டும் திருப்புகிறீர்கள், அவ்வளவுதானே என்றார். அவ்வளவுதான். அச்சகத்தின் பழைய கோப்புகள் பலவற்றில் அரபு பார்வை வரிசையிலேயே, தனித்தனி வடிவ எழுத்துகளாகக் கிடந்தது. பாமினிக் கோப்புகளை மாற்றி மாற்றிக் கைபழகிய அக்காதான் அவற்றை மாற்றும் கருவிக்கு எந்தெந்த இடங்களில் கவனம் வேண்டும் என்று எழுதித் தந்தார். வரி மடியும் இடத்தில் பார்வை வரிசைக் கோப்பு எப்படிக் குழம்பும் என்பதை அதில் முதலிடத்தில் வைத்திருந்தார். மிகச் சரி. திசைக் கணக்கு முழுப் பத்திக்கும் ஒரு தடவை நடக்க வேண்டும். வரி மடிந்த பிறகே ஒவ்வொரு வரியும் தனித்தனியாகத் திருப்பப்பட வேண்டும்.

மாளிகாவத்தையில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் இருக்கிறார். அவரிடம் குடும்பத்தில் வழிவழியாக வந்த அரபுத் தமிழ்க் கையெழுத்துப் பிரதி ஒன்று உண்டு. காயல்பட்டினம், கீழக்கரை முதல் பேருவளை, கொழும்பு வரை நம் மக்கள் தமிழை அரபு எழுத்தில் எழுதி வந்தார்கள். அரபில் இல்லாத ப, ட, ண, ள, ங போன்ற ஒலிகளுக்கு அரபு எழுத்திலேயே புள்ளிகளைக் கூட்டிப் புதிய எழுத்து ஆக்கிக்கொண்டார்கள். அரபு வாசிப்பவர் உயிர்க்குறி இல்லாமலே ஊகித்துவிடுவார். தமிழை அப்படி ஊகிக்க முடியாது, ஆகவே குறிகளும் அடர்த்தியாக வரும். இந்தப் பிரதியைத் தட்டெழுத அவர் உட்கார்ந்ததும் தொகுப்பியின் பலவீனங்கள் ஒவ்வொன்றாக வெளிவந்தன. எழுத்துருவில் ஓர் எழுத்து இல்லாவிட்டால் தொகுப்பி அதை மட்டும் வேறு எழுத்துருவிலிருந்து எடுத்தது. சேர்ந்திருக்க வேண்டிய சொல் அந்த இடத்தில் முறிந்தது. இப்போது முழுச் சொல்லும் ஒரே எழுத்துருவுக்கு மாறும். அழிக்கும் விசை குறியை மட்டும் அழிக்குமா, எழுத்தையும் சேர்த்து அழிக்குமா என்பதும் அவர் வைத்த வழக்கு. தமிழில் உயிர்க்குறி மட்டும் போகிறதே, இங்கும் அப்படியே இருக்கட்டும் என்று தீர்ப்பையும் அவரே சொன்னார்.

அவர் செய்த பெரிய உதவி வேறு. பத்தியின் திசையை அதில் வரும் முதல் உறுதியான எழுத்து, அதாவது தனக்கென்று திசை உள்ள எழுத்து, தீர்மானிக்கும் என்பது விதி. அவர் எழுதும் கடிதங்களில் பல பத்திகள் அரபுச் சொல்லொன்றில் தொடங்கி முழுக்கத் தமிழில் ஓடும். விளைவு, தமிழ்ப் பத்தி வலப்பக்கம் போய் ஒட்டிக்கொண்டது. முற்றுப்புள்ளி இடது கோடியில் தனியாக நின்றது. “இது தமிழ்க் கடிதம் மகன், தொடக்கத்தில் இறைவன் பேர் வந்தால் கடிதம் அரபாகிவிடுமா?” என்றார். விதியில் இதற்கு இடம் இருக்கிறது. பத்தியின் திசை இன்னதென்று செயலியே வெளியிலிருந்து சொல்லிவிடலாம். நாங்கள்தான் தானியங்கியை நம்பியிருந்தோம். இப்போது கோப்புக்கு ஒரு திசை, வேண்டுமானால் பத்திக்குத் தனித் திசை, இரண்டும் ஒரு விசையில்.

மருதானை மத்ரஸா ஒன்றின் ஆசிரியரான உஸ்தாதுக்கும் அவருடைய மாணவர்களுக்கும் கர்சர் விஷயத்தில் கடமைப்பட்டிருக்கிறோம். யுனிகோட் இணைப்பு எழுத்தை எப்படி அடுக்குவது என்று சொல்கிறது. கர்சர் எப்படி நடக்க வேண்டும் என்று சொல்வதில்லை. இடது அம்பை அழுத்தினால் திரையில் இடப்பக்கம் போவதா, எழுதிய வரிசையில் ஓரெழுத்து பின்னால் போவதா? தமிழில் இரண்டும் ஒன்று, அரபில் நேரெதிர். மாணவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து விடியும்வரை வாதாடக்கூடியவர்கள். உஸ்தாத் இரு தரப்பையும் ஒரே பக்கத்தைத் திருத்தச் சொல்லிப் பார்த்துவிட்டு, அம்பு காட்டும் பக்கம் போகட்டும், விரும்பாதவர் மாற்றிக்கொள்ளட்டும் என்று முடித்தார். தமிழ்ச் சொல்லும் அரபுச் சொல்லும் தொடும் எல்லையில் அடுத்த எழுத்து எங்கே விழும் என்று தெரியாமல் தடுமாறியவர்களும் அவர்களே. கர்சரின் தலையில் திசை காட்டும் சிறு கொடி அவர்கள் கேட்டு வந்தது. தமிழ்ச் சொல்லின் நடுவிலிருந்து அரபுச் சொல்லின் நடுவரை தெரிவுசெய்தால் நீலப் பட்டை இரண்டாகக் கிழிகிறது என்ற புகாரை மட்டும் அவர்களே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நகலெடுத்து ஒட்டினால் சொற்கள் ஒழுங்காக வருகின்றன. பட்டை கிழிந்தால் கிழியட்டும்.

கொம்பனித்தெரு மலாய்ப் பெரியவருக்கும் ஒரு வார்த்தை. 1869இல் கொழும்பில் ‘ஆலாமத் லங்காபுரி’ என்ற மலாய்ச் செய்தித்தாள் அரபு எழுத்தில் வெளிவந்ததை எங்களுக்கு நினைவூட்டி, தம் வீட்டில் இருந்த, மலாயை அரபு எழுத்தில் எழுதும் ஜாவி முறைத் தாள்களைத் தட்டெழுதிப் பார்த்தவர் அவர். குறை ஒன்றும் சொல்லவில்லை. குறை கேட்டே பழகிய எங்களுக்கு அது சற்று அச்சமாகக்கூட இருந்தது.

மிச்சம் இருக்கிறது. வலப்பக்கப் பத்திகளுக்கு வரி எண் இன்னும் இடப்பக்கமே நிற்கிறது. வரியின் இரு முனையையும் சமப்படுத்த அரபில் எழுத்தையே இழுத்து நீட்டுவார்கள். அது அடுத்த பதிப்பில். இணைய வசதி குறைந்தவர்கள் பென்டிரைவுடன் போனால் புதுக்கடை அச்சகத்தில் பிரதி எடுத்துக்கொள்ளலாம். நானாவிடம் விலை மட்டும் கேட்டுவிடாதீர்கள், கோபித்துக்கொள்வார்.

மிக்க நன்றியுடன்,
தொகுப்பிக் குழுவினர் சார்பில்,
கொழும்பு