பின் லைற்றும் எரியட்டும், பிள்ளை

கொக்குவில்,
19.01.2025

அன்புள்ள பிள்ளைக்கு,

பொங்கலன்று காலை, பொங்கிப் படைத்து முடிய உன் போன் வந்தது. கனடாவில் உங்களுக்கு அப்போது முதல்நாள் இரவு. குரலைக் கேட்டதுமே அம்மா "பிள்ளைக்கு ஏதோ நடந்திட்டுது" என்றாள். வேலை முடிந்து வந்து பார்த்தால், லைற்றை நிறுத்த மறந்ததில் பற்றறி இறங்கி கார் செத்துக் கிடந்தது, மருமகன் வந்து சேரும்வரை மைனஸ் 15 பாகைக் குளிரில் அந்தக் கார் தரிப்பிடத்தில் நின்றேன் என்று நீ சொன்னபோது, எனக்கு வாயில் வைத்த பொங்கல் இறங்கவில்லை. கிட்ட இருந்திருந்தால் பத்து நிமிடத்தில் பற்றறிக் கம்பியோடு வந்து நின்றிருப்பேன்.

ஆனால் நான் இந்தக் கடிதம் எழுதுவது அதற்காக மட்டுமில்லை. போனை வைக்கும்போது நீ ஒரு கதை சொன்னாய். "இனி அந்த லைற் சுவிச்சைத் தொடவே மாட்டன் அப்பா. காரை ஸ்ரார்ட் பண்ணினாலே முன்னுக்குத் தானா எரியுதுதானே, அது காணும்." அந்த ஒரு வசனம் ஐந்து நாளாக என்னை நித்திரை கொள்ள விடவில்லை. போனில் ஆறுதலாகச் சொல்ல முடியாது, உனக்கு வேலை, பிள்ளை, சமையல். எழுதினால் நேரம் கிடைக்கும்போது இருந்து வாசிப்பாய்.

முதலில் ஒன்று. நீ அன்று லைற் போட்டது பிழையே இல்லை. பனி கொட்டிக்கொண்டிருந்தது, முன்னால் போகிற வாகனமே மங்கலாகத்தான் தெரிந்தது என்றாய். அந்த நேரத்தில் சுவிச்சைத் திருப்பி ஹெட்லைற் போட்டாயே, அதுதான் சரியான வேலை. பிழைத்தது வேலைத்தலத்தில் இறங்கும்போதுதான். அதற்குள் பனி விட்டு வெயில் எறித்துவிட்டது. வெள்ளைப் பனியில் வெயில் பட்டு எல்லாம் பளீரென்று இருக்கும்போது, எரிகிற லைற் கண்ணுக்குத் தெரியாது. கதவைத் திறந்தால் அடிக்கவேண்டிய மணியும் உன்னுடைய அந்தப் பழைய காரில் அடிக்கவில்லை.

இதே மாதிரி எனக்கும் நடந்தது. அன்று நீயும் காருக்குள் இருந்தாய், ஏழு வயது. ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. 2003 மார்கழி. போரால் மூடிக்கிடந்த ஏ9 பாதை திறந்து இரண்டாவது வருசம். வவுனியாவில் சித்தியின் கலியாணம் முடித்துக்கொண்டு எங்கள் மொறிஸ் மைனரில் திரும்பி வந்துகொண்டிருந்தோம். ஓமந்தை தாண்டியதில் இருந்து மாரி மழை. பகல் பதினொரு மணிக்கே இருட்டிக்கொண்டு வந்தது, எதிரே லொறிகள், அதனால் லைற்றைப் போட்டேன். வைப்பரும் ஓடுகிறது. றோட்டு முழுக்கக் குழி, இருபது முப்பது கிலோமீற்றர் வேகத்துக்கு மேல் போக முடியவில்லை. அந்தக் காரில் பற்றறியை ஏற்றுவது பழைய டைனமோ. எஞ்சின் மெதுவாகச் சுற்றினால் டைனமோ அவ்வளவாக ஒன்றும் தராது. ஆக, ஓடிக்கொண்டிருக்கும்போதே பற்றறி இறங்கிக்கொண்டுதான் வந்திருக்கிறது.

முறிகண்டியில் நிறுத்தினோம். யார்தான் அங்கே நிறுத்தாமல் போவது? பிள்ளையாருக்குத் தேங்காய் உடைத்து, உனக்குக் கச்சான் வாங்கித் தந்து, மரத்தின் கீழ் சோற்றுப் பார்சலைப் பிரித்தோம். மழை விட்டு நல்ல வெயில் எறித்தது. ஒன்றரை மணித்தியாலம் இருந்திருப்போம். திரும்பி வந்து ஸ்ரார்ட் பண்ணினால் ஒரு முனகல்கூட இல்லை. சுவிச்சைப் பார்க்கிறேன், லைற் போட்டபடியே கிடக்கிறது. சுற்றி ஸ்ரார்ட் பண்ணுகிற ஹாண்டிலை, கலியாணச் சாமான் வைக்க இடம் வேண்டுமென்று வீட்டிலேயே இறக்கி வைத்துவிட்டு வந்திருந்தேன். பின்னேரம் முகமாலைச் சோதனைச்சாவடியில் பாதையை மூடிவிடுவார்கள். மூடினால் நீயும் அம்மாவும் இரவு காருக்குள்தான். அந்த அரை மணி நேரம் நான் பட்ட பாடு இன்றும் நெஞ்சில் இருக்கிறது.

ஒரு பஸ்ஸில் வந்த சனம்தான் கைகொடுத்தது. ஏழெட்டுப் பேர் பின்னால் நின்று தள்ள, இரண்டாம் கியரில் போட்டுக் கிளச்சை விட, மூன்றாம் முறை பிடித்துக்கொண்டது. லைற்றை நிறுத்தியதும், எஞ்சினுக்குப் பொறி கொடுக்கிற கொயிலுக்குக் காணுமான கரண்ட் பற்றறியில் மிஞ்சியிருந்தது எங்கள் அதிர்ஷ்டம். உன்னுடைய கார் ஓட்டோமற்றிக் கியர், பிள்ளை. அதைப் பத்துப் பேர் தள்ளினாலும் ஸ்ரார்ட் ஆகாது. ஆகவே உனக்கு முன்யோசனை என்னைவிடக் கூடுதலாக வேண்டும்.

எவ்வளவு நேரத்தில் இறங்கும் என்று கேட்டாய். கணக்குச் சுலபம். சாதாரண ஹலஜன் ஹெட்லைற் ஒன்று 55 வாற்ஸ், இரண்டும் 110. பின் லைற், நம்பர் தகட்டு லைற், டாஷ்போட் எல்லாம் சேர்த்து இன்னும் 30 என்று வை. 140ஐ 12 வோல்ற்றால் பிரித்தால் கிட்டத்தட்ட 12 அம்பியர். உன் கார் அளவுக்கு 45 அம்பியர் மணி பற்றறி என்றால் நாலு மணித்தியாலத்தில் வெறுமையாகிவிடும். ஸ்ரார்ட் பண்ண முடியாத நிலை அதற்கு முன்னமே வந்துவிடும், ஏனென்றால் ஸ்ரார்ட்டர் ஒரே இழுப்பில் நூறு அம்பியருக்கு மேல் கேட்கும். உன் வேலை எட்டு மணித்தியாலம். அதோடு குளிர். மைனஸ் 18 பாகையில் நல்ல பற்றறியே தன் பலத்தில் பாதி அளவைத்தான் காட்டும், எஞ்சின் ஒயிலும் அப்போதுதான் இறுகி நிற்கும். பார்க்கிங் லைற் மட்டும்தானே என்றும் விடாதே. அதுவும் மணித்தியாலத்துக்கு இரண்டரை அம்பியர் மணி குடிக்கும், ஒரு வேலைநாளில் 20. பனிக்காலத்தில் அதுவே காணும்.

சரி, இனி நான் எழுத வந்த விசயம்.

தானாக எரிகிறது என்று நீ சொல்கிற அந்தப் பகல் லைற் முன்னுக்கு மட்டும்தான். 1989 மார்கழிக்குப் பிறகு செய்த கார்களுக்கு அது கட்டாயம் என்று கனடாவில் சட்டம். நல்ல சட்டம்தான், எதிரே வருகிறவனுக்கு உன்னைக் காட்டும். ஆனால் உன் கார் போன்ற பழைய கார்களில் பின்னுக்கு ஒன்றும் எரியாது. முன்னால் கொஞ்ச வெளிச்சம் விழுகிறது, டாஷ்போட்டும் எரிகிறது, எல்லாம் போட்டாயிற்று என்று ஓடுகிறவர் நினைத்துக்கொள்வார். பின்னால் காரோ முழு இருட்டு. இப்படி ஓடுகிறவர்கள் கனபேர் என்றபடியால்தான் 2021 செப்டெம்பரில் இருந்து புதுக் கார்களுக்கு வேறு விதி கொண்டுவந்தார்கள்: பகல் லைற் எரியும்போது பின் லைற்றும் சேர்ந்து எரியவேண்டும், அல்லது இருட்டினால் எல்லாம் தானாகவே எரியவேண்டும், அல்லது டாஷ்போட் இருட்டாகவே கிடந்து லைற் போடவில்லை என்று உணர்த்தவேண்டும். உன்னுடையது அதற்கு முந்தியது. உன்னுடையதில் எல்லாம் உன் கையில்.

பின் லைற் இல்லாத வாகனத்துக்குப் பின்னால் வருகிறவன் நிலை எனக்குத் தெரியும். போன வருசம் கொடிகாமம் தாண்டி, மம்மல் நேரம், வைக்கோல் ஏற்றிய உழவு மெசின் பெட்டி ஒன்று முன்னால் போயிருக்கிறது. ஒரு சிவப்புப் பொட்டுக்கூட இல்லை. வைக்கோலும் றோட்டும் வானமும் ஒரே நிறம். 60இல் வந்தேன், ஒரு செக்கனுக்குப் பதினாறு, பதினேழு மீற்றர் ஓடும் வேகம். கண்டுபிடித்துப் பிரேக் பிடித்து நிற்கும்போது பெட்டிக்கும் எனக்கும் ஒரு ஆள் உயரம்தான் இடைவெளி. நீ ஓடுகிற அந்தப் பெரிய பாதையில் நூறில் ஓடுகிறார்கள். இருட்டில் உன் பின்பக்கத்தை ஒரு லொறிக்காரன் காணாமல் வருவதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

இதை இன்னொரு காரணத்துக்காகவும் எழுதுகிறேன். நாங்கள் வெளிச்சத்துக்குப் பயந்து வாழ்ந்த சனம். நீ பிறப்பதற்கு முந்திய போர்க்காலத்தில், ஹெலி சத்தம் கேட்டால் சைக்கிள் லைற்றையும் நிறுத்திவிட்டு வேலியோரம் ஒதுங்கினோம். கிளாலிக் கடலை இருட்டில்தான் கடந்தோம், படகில் ஒருவர் சுருட்டுப் பற்றவைத்தாலும் மற்றவர்கள் பதறினார்கள். கரண்ட் இல்லாத அந்த வருசங்களில் ஒரு கார் பற்றறி வீட்டில் இருந்தால் அதை எவ்வளவு பக்குவமாகப் பார்த்தோம்! வீணாக ஒரு பல்பு எரிந்தால் ஆச்சி ஏசுவா. அந்தப் பழக்கம் எங்களிடமிருந்து உங்களுக்கும் ஒட்டியிருக்கிறது. லைற்றை நிறுத்துவதுதான் புத்தி, சிக்கனம், பாதுகாப்பு என்று உள்ளுக்குள் ஒன்று சொல்லிக்கொண்டே இருக்கும். உன் றோட்டில் அது சரிவராது, பிள்ளை. அங்கே உன்னைக் கண்டால்தான் உனக்குப் பாதுகாப்பு.

நான் அங்கே வந்து நின்றபோது நீ லைசன்சுக்குப் படித்த புத்தகத்தை முழுக்க வாசித்தேன். ஒன்ராறியோவில் பொழுது படுவதற்கு அரை மணி முன்பிருந்து விடிந்து அரை மணி வரை லைற் போடவேண்டும். 150 மீற்றருக்குள் ஆளோ வாகனமோ தெளிவாகத் தெரியாவிட்டால் பகலிலும் போடவேண்டும். எதிரே வாகனம் 150 மீற்றருக்குள் வந்தாலும், முன்னால் போகிறவனுக்கு 60 மீற்றருக்குள் நீ போனாலும் டிம் பண்ணவேண்டும். பனி கொட்டும்போது பிறைற் போடாதே, வெள்ளையாகத் திருப்பி உன் கண்ணிலேயே அடிக்கும்.

உன் காரில் இடதுபக்கத் தண்டின் நுனியைத் திருப்பினால் மூன்று நிலை. முதலாவது நிறுத்தம், பகல் லைற் மட்டும். இரண்டாவது பார்க்கிங். மூன்றாவதுதான் ஹெட்லைற், அதில்தான் முன்னும் பின்னும் எல்லாம் எரியும். ஸ்ரார்ட் பண்ணி சீற் பெல்ற் போட்டதும் மூன்றாவதுக்குத் திருப்பு. பகலோ இரவோ, மழையோ வெயிலோ, எப்போதும். சில நாள் போடுவது, சில நாள் போடாமல் விடுவது என்று வைத்தால்தான் மறதி வரும். நானும் நீயும் அகப்பட்டது இரண்டும் பகலில் இடையில் போட்ட லைற்றால்தான். இரவில் போட்டதை ஒருவரும் மறப்பதில்லை, இறங்கினால் கண்ணில் அடிக்கும். எப்போதும் போடுகிற கை, எப்போதும் நிறுத்தும். எஞ்சினை நிறுத்தும் முன் அதே தண்டைத் திரும்பவும் முதலாவதுக்குக் கொண்டுவா.

இறங்கிக் கதவைப் பூட்டிவிட்டு உடனே நடக்காதே. திரும்பி நின்று காரைப் பார். வெயிலில் சந்தேகமாக இருந்தால் ஹெட்லைற் கண்ணாடிக்கு முன்னால் உள்ளங்கையைப் பிடி. எரிந்தால் கையில் வெளிச்சம் விழும். முறிகண்டிக்குப் பிறகு இருபது வருசத்துக்கு மேலாக நான் இப்படித்தான் செய்கிறேன், அதன்பிறகு ஒருநாளும் லைற்றால் பற்றறி இறங்கவில்லை. அந்தக் கதவு மணியையும் கராஜில் கொடுத்துத் திருத்து. பெரும்பாலும் கதவு இடுக்கில் இருக்கிற சின்னச் சுவிச்தான் பழுதாகியிருக்கும்.

மருமகனின் கார் புதியது, அதில் ‘ஓட்டோ’ நிலை இருக்கிறது, விட்டால் தன்பாட்டில் எரியும், அணையும். நீ அதை ஓடும்போது ஓட்டோவிலேயே விடு. ஆனால் அதன் கண், முன் கண்ணாடிக்குக் கிட்ட டாஷ்போட்டில் இருக்கிற சின்னக் கறுப்புக் குமிழ். அது வெளிச்சத்தைத்தான் அளக்கும், தூரம் தெரிகிறதா என்று அதற்குத் தெரியாது. பகலில் வெண்மூட்டம் போட்டாலோ பனி கொட்டினாலோ வெளிச்சம் இருக்கிறது என்று நினைத்துப் பேசாமல் இருந்துவிடும். அப்போது நீயே ஹெட்லைற்றுக்குத் திருப்பு. அம்மா தந்துவிட்ட பிள்ளையார் அந்தக் குமிழுக்குமேல் இருந்ததை நான் வந்தபோது கண்டேன், நல்ல வெயிலிலும் லைற் எரிந்தது அதனால்தான். அவரை ஒரு சாண் தள்ளி வைக்கச் சொல்லு, குறை நினைக்கமாட்டார்.

பற்றறியைப் பற்றி. மருமகன் தன் காரில் கம்பி மாட்டி ஸ்ரார்ட் பண்ணித் தந்தார் என்றாய். வீடுவரை பதினைந்து நிமிடம் ஓடியது காணாது. ஒரு முறை முழுக்க இறங்கிய பற்றறியை சார்ஜர் போட்டு ஒரு இரவு முழுக்க ஏற்றவேண்டும், இல்லாவிட்டால் தகடுகளில் படிவது இறுகிப்போய் பிறகு ஏறாது. ஏற்றிவிட்டு சில மணித்தியாலம் விட்டு வோல்ற் பார். 12.6 என்றால் நல்லது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே இறங்கினால் மாற்று, காசைப் பார்க்காதே. எஞ்சின் ஓடும்போது 14 அளவில் காட்டவேண்டும்.

இன்னொன்று, இதை மறக்காதே. முழுக்க இறங்கிய பற்றறிக்குள் பெரும்பாலும் தண்ணீர்தான், அது மைனஸ் 10 பாகை அளவிலேயே உறைந்துவிடும். பெட்டி வீங்கியிருந்தாலோ வெடித்திருந்தாலோ அதற்குக் கம்பி மாட்டவே கூடாது. மாட்டும்போது சிவப்பை முதலில் செத்த பற்றறியின் பிளஸ்ஸில், மறுமுனை நல்லதின் பிளஸ்ஸில், கறுப்பை நல்லதின் மைனஸில், கடைசி முனையை உன் காரின் எஞ்சின் இரும்பில், பற்றறிக்குத் தள்ளி. பற்றறியில் இருந்து வருகிற வாயுவுக்குப் பொறி பட்டால் வெடிக்கும், அதற்குத்தான் தள்ளி. ஒரு சோடிக் கம்பி வாங்கி டிக்கியில் போடு, அதோடு ஒரு தடித்த போர்வையும்.

அம்மா பருத்தித்துறை வடையும் ஒடியல் மாவும் பார்சல் கட்டி வைத்திருக்கிறாள், அடுத்த மாதம் வருகிற மாமியிடம் கொடுத்துவிடுவோம். பேரப்பிள்ளைக்கு இருமல் எப்படி?

இதை வாசித்து முடிந்ததும் ஒரு வேலை செய். இன்று இருட்டியபிறகு காரை ஸ்ரார்ட் பண்ணி, சுவிச்சை மூன்றாவதுக்குத் திருப்பிவிட்டு, பின்னால் போய் நின்று ஒரு படம் எடுத்து அனுப்பு. இரண்டு சிவப்பும் எரிவதை நானும் அம்மாவும் பார்க்கவேண்டும்.

அன்புடன்,
அப்பா