செயலாளரின் ஆண்டறிக்கை: சூரிய மின்சாரப் பயிற்சியும் சிக்கன வாழ்க்கைக் கல்வியும்

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, சங்க உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். கடந்த ஆண்டில் நமது சங்கம் பொதுமக்களுக்கு நடத்திய சூரிய மின்சாரப் பயிற்சிகள், சிக்கன வாழ்க்கை வகுப்புகள் பற்றிய அறிக்கையைப் பொதுக்குழு முன் வைக்கிறேன். வரவு செலவைப் பொருளாளர் தனியே வாசிப்பார் என்பதால் அந்தப் பக்கம் நான் போகவில்லை.

இந்த ஆண்டின் பெரிய மாற்றம் பாடங்களின் வரிசைதான். முன்பெல்லாம் முதல் வகுப்பிலேயே சோலார் பேனலை மேசைமேல் வைத்துவிடுவோம். வருகிறவர்களுக்கும் அதுதான் பிடிக்கும். இந்த ஆண்டு பேனலைப் பின்னுக்குத் தள்ளினோம். முதல் வகுப்பில் அவரவர் வீட்டு மின்கட்டண ரசீதும் ஒரு தாளும் மட்டுமே. எந்தச் சாதனம் எத்தனை வாட், நாளுக்கு எத்தனை மணி நேரம் ஓடுகிறது என்று எழுதி, பெருக்கி, 1000-ஆல் வகுத்தால் யூனிட் வந்துவிடும். "பேனல் எங்கே சார்?" என்று முகம் சுளித்தவர்கள் உண்டு. செயற்குழுவிலேயே இதற்கு எதிர்ப்பு இருந்தது. ஆனால் கணக்குப் போட்டு முடித்ததும் பேச்சே மாறிவிடுகிறது. சாதாரண சீலிங் ஃபேன் சுமார் 75 வாட் இழுக்கும். பி.எல்.டி.சி. என்ற, குறைந்த மின்சாரத்தில் ஓடும் மோட்டார் உள்ள ஃபேனுக்கு 30 வாட் அளவே போதும். நாலு ஃபேன் தினமும் 10 மணி நேரம் ஓடும் வீட்டில் 3 யூனிட் என்பது 1.2 யூனிட்டாகக் குறையும். நல்ல வெயில் நாளில் 1 கிலோவாட் பேனல் 4 யூனிட் தரும் என்று வைத்துக்கொண்டால், மிச்சமான 1.8 யூனிட்டுக்கு ஏறக்குறைய அரை கிலோவாட் பேனல் வேண்டியிருக்கும். கூரையில் ஏறாமலே அது கைக்கு வந்துவிட்டது.

தண்ணீர் சுடவைப்பதும் இதே வகுப்பில்தான் வந்தது. பேனல் தன்மேல் விழும் வெயிலில் ஐந்தில் ஒரு பங்கைச் சற்று மீறித்தான் மின்சாரமாக்கும். அந்த மின்சாரத்தைக் கொண்டு ஹீட்டர் ஓட்டுவதைவிட, வெயிலின் சூட்டை நேராகத் தண்ணீருக்கு ஏற்றும் சூரிய வெந்நீர்க் கருவி அதே இடத்தில் கூடுதல் வேலை செய்யும். இதைச் சொன்னதும் வீட்டுத் திட்டத்தையே மாற்றி எழுதியவர்கள் இருக்கிறார்கள்.

பேனல் வகுப்பில் எல்லோரையும் அசத்தியது நிழல் சோதனை. பேனலை மீட்டரோடு இணைத்து வெயிலில் வைத்து, ஒரு ஓரத்தில் அட்டையால் மறைப்போம். மறைத்த பரப்பு கொஞ்சம்தான், ஆனால் வாட் பெரிதாகச் சரியும். பேனலுக்குள் மின்சாரம் தரும் சிறு துண்டுகளான செல்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருப்பதால், ஒரு செல் சோர்ந்தால் அந்த வரிசையே சோர்ந்துவிடுகிறது. மின்சாரத்துக்கு மாற்றுவழி விடும் பைபாஸ் டையோடு என்ற சிறு பாகம் அந்தப் பகுதியை ஒதுக்கி மற்றவற்றைக் காப்பாற்றுகிறது. பொதுவாக ஒரு பேனலில் மூன்று டையோடு இருக்கும், அதனால் ஒரு ஓர நிழல் மூன்றில் ஒரு பங்கைத் தின்றுவிடலாம். உறுப்பினர் ஒருவர் வீட்டில், விற்றவர்கள் தண்ணீர்த் தொட்டியின் நிழல் மதியத்துக்குமேல் விழும் இடத்தில் பேனலைப் பொருத்திவிட்டுப் போய்விட்டார்கள். மின்சாரம் ஏன் குறைகிறது என்று கேட்டால் "மேகம் சார்" என்கிறார்களாம். இந்தச் சோதனையைப் பார்த்தபிறகு அந்தப் பதில் அவரிடம் எடுபடவில்லை.

வெயில் ஏற ஏற மின்சாரமும் ஏறும் என்பது இன்னொரு நம்பிக்கை. வெளிச்சம் உதவும், சூடு உதவாது. பேனலில் அச்சிட்ட வாட் அளவு, செல்லின் சூடு 25 டிகிரி இருக்கும்போது எடுத்தது. அதற்குமேல் ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் குறையும். உச்சி வெயிலில் பேனல் 60 டிகிரியை எளிதாகத் தொடும், அப்போது பத்தில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். கூரைக்கும் பேனலுக்கும் நடுவே காற்றுப் போக இடைவெளி விடச் சொல்வது இதனால்தான்.

எல்லா வகுப்பிலும் தவறாமல் வந்த கேள்வி: "கரண்ட் போனாலும் எங்கள் வீட்டில் லைட் எரியும்தானே?" பேட்டரி இல்லாமல் மின்வாரிய இணைப்போடு மட்டும் ஓடும் அமைப்பில் எரியாது. நம் பேனலின் மின்சாரம் வெளியே பாய்ந்து, கம்பியில் வேலை செய்பவருக்கு ஷாக் அடிக்கக் கூடாது என்பதற்காக, பேனல் மின்சாரத்தை வீட்டு மின்சாரமாக மாற்றும் இன்வெர்ட்டர் தானே நின்றுவிடும். வாங்கும் முன்பே தெரிந்திருக்க வேண்டிய விஷயம் இது. விற்பவர்கள் இதை ஏனோ கடைசியில்தான் சொல்கிறார்கள்.

பாதுகாப்பு பற்றிச் செயற்குழுவின் முடிவொன்றைப் பதிவு செய்ய வேண்டும். நமது சான்றிதழ் பயிற்சியில் பங்கேற்றதற்கானது மட்டுமே. வயரிங் செய்வதற்கான உரிமம் அல்ல. அதைக் காட்டி வேலை பிடிக்க ஒரு சிலர் முயன்றதாகத் தெரியவந்ததால், இனி இந்த வரி சான்றிதழிலேயே அச்சாகும். பேனல்கள் பலவற்றைத் தொடராக இணைத்தால் நூற்றுக்கணக்கான வோல்ட் டி.சி., அதாவது ஒரே திசையில் பாயும் நேர்மின்சாரம், ஓடும். வெயில் இருக்கும்வரை பேனலுக்கு ஆஃப் சுவிட்ச் கிடையாது. வீட்டுக்கு வரும் ஏ.சி. மின்சாரத்தில் மின்னோட்டம் நொடிக்குப் பலமுறை பூஜ்யத்தைத் தொடுவதால் தீப்பொறி அணைய வாய்ப்புண்டு, டி.சி.யில் அது எரிந்துகொண்டே இருக்கும். ஓடும்போது கனெக்டரைப் பிடுங்காதே, டி.சி.க்கென்று உள்ள பிரேக்கரையே போடு என்பதை வகுப்பில் சலிக்கச் சலிக்கச் சொல்கிறோம். சலித்தாலும் பரவாயில்லை.

பாடம் நடத்தும் முறைக்கு ராஜஸ்தானின் திலோனியாவில் இயங்கும் பேர்ஃபுட் கல்லூரியைப் பார்த்துக் கற்றுக்கொண்டோம். எழுதப் படிக்கத் தெரியாத, ஒருவர் மொழி ஒருவருக்குப் புரியாத பல நாட்டுக் கிராமத்துப் பெண்கள் அங்கே நிறத்தையும் சைகையையும் வைத்தே சோலார் பொறியாளர்களானார்கள். நாமும் எழுத்துப் பாடத்தைக் குறைத்து, வயர் நிறத்தையும் கைவேலையையும் முன்னே கொண்டுவந்தோம். வயதானவர்கள் தயங்காமல் மின்சாரத்தை அளக்கும் மல்டிமீட்டரைக் கையில் எடுத்தது அப்புறம்தான்.

சிக்கன வாழ்க்கை வகுப்புகளில் பழுதுபார்க்கும் நாளுக்கு நல்ல கூட்டம். உரம் தயாரிப்பு சுமார். காய்ந்த இலையும் ஈரக் கழிவும் சேர்ந்தால்தான் நாற்றம் வராது என்ற ஒன்றைப் பிடித்துக்கொண்டால் மற்றது தானாக வரும். மழைநீர் வகுப்பில் சிறுவர்கள் பெரியவர்களை முந்திவிட்டார்கள்: 1 சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை பெய்தால் 1 லிட்டர், எனவே 100 சதுர மீட்டர் கூரையில் 10 மில்லிமீட்டருக்கு 1000 லிட்டர் என்று மனக்கணக்கிலேயே சொன்னார்கள். சூரிய அடுப்புச் செயல்விளக்கத்தை மட்டும் மேகம் கெடுத்துவிட்டது. 1767-லேயே சோசூர் என்ற சுவிஸ் அறிஞர் கண்ணாடிப் பெட்டியில் வெயிலைப் பிடித்துக் காட்டியதைப் பற்றிப் பேசி நேரத்தை ஓட்டினோம்.

வரும் ஆண்டில் பேட்டரிக்குத் தனி வகுப்பு வைக்கலாம் என்பது என் யோசனை. ஈய அமில பேட்டரியைப் பாதிக்கு மேல் அடிக்கடி தீர்த்தால் ஆயுள் குறையும், லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி அதைவிட அதிகம் தாங்கும். இந்த வேறுபாடு தெரியாமல் பேட்டரிக்கு அளவு போடுவதால்தான் பலர் ஏமாறுகிறார்கள். மல்டிமீட்டர்கள் சிலவற்றுக்குப் புது ஃபியூஸ் வேண்டும். காலாவதியான பேனல்களை என்ன செய்வது என்பதற்கு ஒரு சிறு குழு அமைக்கவும் அனுமதி கோருகிறேன். வகுப்பெடுத்த தன்னார்வலர்களுக்கும், இடம் தந்தவர்களுக்கும் சங்கத்தின் நன்றி. பொதுக்குழு இந்த அறிக்கையை விவாதித்து ஏற்றுக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்