கடைசிப் பத்துப் பக்கத்துக்காக மட்டும் எழுதாதீர்கள்

மர்ம நாவலும் காதல் நாவலும் எழுதுகிறவர்களுக்கு, அவற்றுக்கு அட்டை போட்டு வெளியிடுகிறவர்களுக்கும் சேர்த்து,

வணக்கம். நான் விமர்சகர் இல்லை. படுக்கப் போகும் முன் ஐம்பது பக்கமாவது படிக்காவிட்டால் தூக்கம் வராது, அவ்வளவுதான் என் தகுதி. ஒரு மர்ம நாவல், அது முடிந்ததும் ஒரு காதல் நாவல், மறுபடி ஒரு மர்மம் என்று மாற்றி மாற்றிப் படிப்பது பல வருஷப் பழக்கம். இரண்டு கொலைக்கு நடுவே ஒரு கல்யாணம் இருந்தால் மனசுக்கு நல்லது.

இப்படிப் படித்துக்கொண்டே வந்ததில் ஒன்று கண்ணில் பட்டது. சமீப காலமாக இரண்டு வகைக்கும் ஒரே சீக்கு. எல்லாவற்றையும் கடைசிப் பத்துப் பக்கத்துக்கென்று எடுத்து வைத்துக்கொண்டு, அதுவரை எங்களை எப்படியோ ஓட்டிக்கொண்டு போகிறீர்கள். நடுவில் இருக்கும் 250 பக்கமும் டாக்டர் கூப்பிடும்வரை உட்கார்ந்திருக்கும் அறை மாதிரி ஆகிவிட்டது.

போன மாதம் படித்த ஒரு மர்ம நாவலைச் சொல்கிறேன். பெயர் வேண்டாம், அதே மாதிரி இன்னும் நாலு இருக்கின்றன. கதாநாயகியே தன் கதையைச் சொல்கிறாள். ஆறாம் அத்தியாயத்தின் முடிவில் கதவடியில் கிடந்த கடிதத்தைப் பிரிக்கிறாள். படிக்கிறாள். கை நடுங்குகிறது. அத்தியாயம் முடிந்தது. அடுத்த அத்தியாயம் ‘பத்து வருடங்களுக்கு முன்’. மறுபடி இன்றைக்குத் திரும்பி வரும்போது அவள் ஜன்னல் திரையைப் பற்றி யோசிக்கிறாள், பல்வலியைப் பற்றி யோசிக்கிறாள், அக்கா தன்னோடு பேச்சை நிறுத்திய நாளைப் பற்றி இரண்டு பக்கம் யோசிக்கிறாள். அந்தக் கடிதத்தை மட்டும் நினைக்கவே மாட்டேன் என்கிறாள். அதில் என்ன இருந்தது என்று 160 பக்கம் கழித்துத்தான் எங்களுக்குத் தெரிகிறது. அத்தனை நேரமும் அவள் மண்டைக்குள்ளேயேதானே உட்கார்ந்திருந்தேன், எனக்கு எப்படித் தெரியாமல் போயிற்று? எழுத்தாளர் என் கண்ணைப் பொத்திக்கொண்டிருந்தார். கண்ணைப் பொத்திவிட்டு, “கண்டுபிடி பார்க்கலாம்” என்றால் யாரால்தான் கண்டுபிடிக்க முடியும்?

இது புதிதாக நான் கிளப்பும் சண்டை இல்லை. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலப் பாதிரியார், தானும் துப்பறியும் கதை எழுதியவர், 1929-ல் இந்தக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் போட்டார். ரகசிய அறை ஒன்றுக்கு மேல் கூடாது, முன்கூட்டிக் கோடி காட்டாமல் இரட்டைப் பிறவியைக் கொண்டுவரக் கூடாது என்றெல்லாம் பாதி வேடிக்கையாக எழுதியதுதான். ஆனால் ஒன்பதாவது வேடிக்கை இல்லை. துப்பறிகிறவரின் நண்பர், அதாவது ஷெர்லக் ஹோம்ஸுக்கு வாட்சன் மாதிரியானவர், தன் மனதில் ஓடுவதை வாசகரிடம் மறைக்கக் கூடாது. அடுத்த வருஷமே லண்டனில் தொடங்கிய டிடெக்‌ஷன் கிளப் எழுத்தாளர்கள் அதைவிட ஒரு படி மேலே போய், முக்கியமான தடயத்தை வாசகரிடமிருந்து மறைக்க மாட்டோம் என்று சேரும்போதே சத்தியம் செய்தார்கள். எல்லரி குவீன் என்ற பெயரில் வந்த பழைய அமெரிக்கத் துப்பறியும் நாவல்களில், விடை வருவதற்குச் சற்று முன் கதையையே நிறுத்தி, ‘உங்களுக்கு வேண்டிய தகவல் எல்லாம் இப்போது உங்கள் கையில் இருக்கிறது, முடிந்தால் சொல்லுங்கள்’ என்று வாசகருக்குச் சவால் விடும் பக்கம் வரும். இப்போது வருகிற நாவல்களில் அப்படி ஒரு பக்கத்தைத் துணிந்து செருகக்கூடியவை எத்தனை? அந்தக் கடிதக் கதையில் செருகினால் சிரிப்புத்தான் வரும்.

விதியை மீறவே கூடாதா என்றால், தாராளமாக மீறலாம். அகதா கிறிஸ்டி 1926-ல் எழுதிய ராஜர் அக்ராய்டு கொலைக் கதை அன்றைக்குப் பெரிய சர்ச்சையைக் கிளப்பியது. கொலையாளி யார் என்று இங்கே சொல்ல மாட்டேன். நூறு வருஷமானாலும் சில விஷயங்களில் நாகரிகம் வேண்டும். ஆனால் இரண்டாம் முறை எடுத்துப் படித்துப் பாருங்கள். கொலைக்கு வேண்டிய பத்து நிமிடத்தை மணி, நிமிடத்தோடு நம் கண்ணெதிரே எழுதி வைத்திருக்கிறார். நாம்தான் அதன் மேல் நடந்து போயிருக்கிறோம். அதைப் படித்து முடித்து ஏமாந்தபோது எனக்குக் கோபம் வரவில்லை, வெட்கம்தான் வந்தது. கடிதக் கதையை முடித்தபோது வெட்கமும் இல்லை, ஒன்றும் இல்லை. ‘ஓ, அப்படியா’ என்று விளக்கை அணைத்தேன்.

சரி, காதலுக்கு வருகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். முடிவு தெரிந்துவிடுகிறது என்று காதல் நாவலைக் கிண்டல் செய்கிற கூட்டத்தில் நான் இல்லை. இருவரும் சேர்வார்கள் என்பது அங்கே ரகசியமே இல்லை, அது ஒப்பந்தம். அமெரிக்கக் காதல் நாவலாசிரியர்களின் சங்கம் தந்த விளக்கமே இரண்டு நிபந்தனைதான்: காதல் கதையின் மையமாக இருக்க வேண்டும், முடிவு நிறைவாகவும் நம்பிக்கை தருவதாகவும் இருக்க வேண்டும். என்ன ராகம் என்று முன்பே தெரிந்தால் பாட்டு கெட்டுவிடுமா? எதிரிகள் காதலர்களாவது, ஊருக்காகப் போடும் பொய்க் காதல், விடுதியில் மிச்சம் இருக்கும் ஒரே அறையில் ஒரே கட்டில், எல்லாவற்றையும் எத்தனை முறை வந்தாலும் படிப்பேன். கட்டில் விஷயத்தில் எனக்குச் சலிப்பே வந்ததில்லை.

சலிப்பு வருவது வேறு இடத்தில். மின்நூல் கருவியின் ஓரத்தில் 78 சதவீதம் என்று காட்டும்போதே எனக்கு வயிற்றைப் பிசையும். பிரிவு வரப்போகிறது. ஏன் பிரிகிறார்கள் என்பதற்காக இல்லை, பிரிய வேண்டிய பக்கம் வந்துவிட்டது என்பதற்காக. சமீபத்தில் ஒன்று: அவள் இரண்டு நாள் முன்னதாகவே ஊரிலிருந்து திரும்புகிறாள். கதவுக்கு அந்தப் பக்கம் அவன் யாரிடமோ செல்போனில், “அது சும்மா ஒரு பந்தயம்தான்டா” என்கிறான். பெட்டியோடு அப்படியே திரும்பிப் போய்விடுகிறாள். மூன்று அத்தியாயம் அழுகிறாள். அப்புறம் தெரிகிறது, அவன் பேசியது கால்பந்து ஆட்டத்தைப் பற்றி! இதே பெண்தான் நூறாம் பக்கத்தில் அலுவலகக் கூட்டத்தில் முதலாளியை மடக்கி மடக்கிக் கேள்வி கேட்டவள். “என்ன பந்தயம்?” என்று ஒரு கேள்வி கேட்க அவளுக்கு வாய் வரவில்லையாம்.

ஜேன் ஆஸ்டின் 1813-ல் வெளியிட்ட பிரைட் அண்ட் பிரிஜுடிஸ் நாவலை இந்த இடத்தில் இழுக்காமல் முடியாது. 61 அத்தியாயம். கதாநாயகன் டார்சி முதல்முறை தன் காதலைச் சொல்வது 34-ல், ஏறக்குறைய நட்ட நடுவில். கதாநாயகி எலிசபெத் முகத்தில் அடித்தாற்போல் மறுக்கிறாள். அடுத்த அத்தியாயத்திலேயே அவன் கடிதம் கொடுத்துவிடுகிறான். கவனியுங்கள், இங்கேயும் கடிதம்தான், ஆனால் முழுக் கடிதமும் உடனே நம் கைக்கு வந்துவிடுகிறது. விக்கம் என்ற இன்னொருவன் சொன்னதை நம்பி டார்சி மேல் அவளுக்கு இருந்த தப்பெண்ணம் அங்கேயே தீர்ந்தது. இன்றைய கணக்குப்படி கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் அவன் இரண்டாம் முறை கேட்பது 58-ல். நடுவில் இருபதுக்கு மேற்பட்ட அத்தியாயம் எதற்கு? குழப்பம் தீர்ந்த பிறகும் ஆள் மாற வேண்டியிருக்கிறதே! தான் இத்தனை நாள் தப்பாக நினைத்திருந்தோம் என்று தெரிந்த ஒருத்தி அதோடு எப்படி வாழ்வது என்பதுதான் மீதிக் கதை.

மர்மத்திலும் இதே மாதிரி ஒன்று உண்டு. 2012-ல் ஜிலியன் ஃப்ளின் எழுதிய கான் கேர்ள் வந்தபின், சொல்கிறவரை நம்ப முடியாத கதைகள் வரிசை கட்டி வந்தன. அதன் பெரிய திருப்பம் எங்கே இருக்கிறது? கடைசியில் இல்லை, புத்தகத்தின் பாதியில். விஷயத்தை உடைத்துவிட்டு, அதன் விளைவை இன்னொரு பாதி முழுக்க நம்மைப் பார்க்க வைக்கிறார். பின்னால் வந்தவர்கள் திருப்பத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள், அது நின்ற இடத்தை விட்டுவிட்டார்கள்.

பதிப்பாளர்களே, இதில் உங்கள் பங்கும் உண்டு. ‘கடைசிப் பக்கத் திருப்பத்தை நீங்கள் ஊகிக்கவே முடியாது’ என்று அட்டையில் போடுகிறீர்கள். போட்ட நிமிடமே நான் யாரையும் நம்பாமல் படிக்க ஆரம்பித்துவிடுகிறேன். அன்பான கணவன் வந்தால் இவன்தான் என்கிறேன். பாதி நேரம் சரியாகவும் இருக்கிறது. உழைத்து எழுதியவரின் ஒரே ஆச்சரியத்தை அட்டையிலேயே விற்றுவிட்டீர்கள்.

இன்னொரு சின்ன விஷயம். காதல் நாவல்களில் ஒரு அத்தியாயம் அவள், ஒரு அத்தியாயம் அவன் என்று இருவருமே ‘நான்’ என்று சொல்வது இப்போது வழக்கமாகிவிட்டது. அத்தியாயத் தலைப்பில் இருக்கும் பெயரைக் கட்டைவிரலால் மறைத்துக்கொண்டு ஒரு பக்கம் படித்துப் பாருங்கள். யார் பேசுவது என்று தெரியாவிட்டால் அந்த இருவர் காதலிக்கவில்லை, கண்ணாடி பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

குறை மட்டுமே சொல்கிறேன் என்று நினைக்க வேண்டாம். ரிச்சர்ட் ஆஸ்மன் 2020-ல் எழுதிய தர்ஸ்டே மர்டர் கிளப்பில் முதியோர் குடியிருப்பில் இருக்கும் நாலு பேர் துப்பறிகிறார்கள். கொலையாளியை நான் மறந்தேவிட்டேன், உண்மையாகவே நினைவில்லை. அந்த நாலு பேரில் ஒருத்தியான எலிசபெத்தின் கணவர் கொஞ்சம் கொஞ்சமாக நினைவு தப்பிக்கொண்டிருப்பதும், அதை அவள் மற்றவர்களிடம் மூடி மூடி வைப்பதும் மறக்கவில்லை. காதல் நாவல்களிலும் நாற்பது வயதில் விவாகரத்து முடிந்து, இனி யாரும் வேண்டாம் என்று இருக்கிறவர்கள் நாயகியாக வருகிறார்கள். தொடலாமா என்று கேட்பதையே நெஞ்சு படபடக்கும் காட்சியாக எழுதத் தெரிந்தவர்கள் இருக்கிறீர்கள். இவை எல்லாமே நடுப் பக்கங்களில் நடப்பவை.

கடிதக் கதையை நேற்று இரண்டாம் முறை எடுத்தேன், ஒருவேளை நான்தான் அவசரப்பட்டேனோ என்று. அவள் ஜன்னல் திரையைப் பற்றி யோசிக்கும் இடம்வரை போக முடிந்தது. அப்புறம் மூடிவிட்டு அக்ராய்டை எடுத்தேன். விடை தெரிந்தும் ஒரு மணி வரை தூங்கவில்லை.

இப்படிக்கு,
பின் அட்டையைப் பார்க்காமலே புத்தகம் எடுக்கப் பழகிக்கொண்ட ஒரு வாசகர்