பலூன் வைக்கும் டாக்டர்களுக்கு ஒரு திறந்த மடல்

எடை குறைப்பு மையம் நடத்தும் டாக்டர்களுக்கு வணக்கம்.

'ஆபரேஷன் இல்லை, தழும்பு இல்லை, காலையில் வந்தால் மாலையில் வீடு' என்று நீங்கள் செய்யும் விளம்பரம் பெரும்பாலும் உண்மைதான். வாய் வழியாக விடும் எண்டோஸ்கோபி குழாயின் உதவியோடு, வயிற்றை அடைத்துப் பசியைக் குறைக்கும் பலூனை இரைப்பைக்குள் இறக்கி அரை லிட்டர் வாக்கில் உப்பு நீர் நிரப்ப அரை மணி நேரம் போதும். விழுங்கும் பலூனுக்கு மயக்க மருந்துகூட வேண்டாம், சுமார் நாலு மாதத்தில் தானே சுருங்கி மலத்தோடு போய்விடும். என் சண்டையெல்லாம் நீங்கள் சொல்லாமல் விடுவதைப் பற்றித்தான்.

என் அத்தை மகள் சனிக்கிழமை பலூன் வைத்துக்கொண்டு திங்கட்கிழமை ஆபீஸ் போய்விடலாம் என்று நம்பியிருந்தாள். ஞாயிறு ராத்திரி கட்டிலுக்குக் கீழே பக்கெட்டை வைத்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள், இளநீர் ஒரு ஸ்பூன்கூட உள்ளே தங்கவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டால், "எல்லாருக்கும் அப்படித்தாங்க இருக்கும், காலையில வாங்க." அப்படித்தான் இருக்கும் என்றால் அதைப் பணம் கட்டும் முன்பே சொல்வதற்கு என்ன? லீவு போட்டிருப்பாள், நாக்கு வறண்டு சிறுநீர் குறைந்தால் டிரிப் ஏற்ற உடனே வர வேண்டும் என்றாவது தெரிந்திருக்கும்.

பலூனே ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. ஆறு மாதத்தில் உடல் எடையில் பத்து சதவீதம் வரை குறைகிறது, அதாவது நூறு கிலோ ஆளுக்குப் பத்து கிலோ. அந்தப் பத்து கிலோ போனாலே சர்க்கரையும் பிரஷரும் இறங்கும், முட்டி வலி குறையும், கல்லீரல் கொழுப்பும் கரையும். இரைப்பையின் பெரும்பகுதியை வெட்டி எடுக்கும் ஸ்லீவ் ஆபரேஷனில் போன இரைப்பை திரும்பி வராது, பலூனையோ வேண்டாமென்றால் எடுத்துவிடலாம். ஆனால் எடுத்ததும் பழைய பசி வந்துவிடுகிறதே! பலூன் உள்ளே இருக்கும் அந்த ஆறு மாதத்தில் சாப்பிடும் பழக்கம் மாறாதவர்களுக்கு எடை மறுபடி ஏறத்தான் செய்யும். உங்கள் விளம்பரப் படங்களில் பலூன் எடுத்து ஒரு வருஷம் கழித்து எடுத்த போட்டோ ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

அப்புறம் ஆபத்து. 2016 முதல் பலூன் வைத்தவர்களில் உலக அளவில் 12 பேர் இறந்ததாகத் தகவல் வந்திருக்கிறது என்று அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-ல் எச்சரித்தது. பலூன் வைத்துக்கொண்டவர்களின் எண்ணிக்கையைப் பார்த்தால் இது அபூர்வம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் கணைய அழற்சி வரலாம், இரைப்பையில் ஓட்டை விழலாம், சுருங்கிய பலூன் குடலில் போய் அடைக்கலாம். கசிவு தெரிய வேண்டும் என்று நீலச் சாயம் கலந்து நிரப்பிய பலூன் கசிந்தால் சிறுநீர் நீலமாகவோ பச்சையாகவோ போகும், உடனே ஓடி வர வேண்டும். இதை எங்களுக்கு யாரும் சொல்லவில்லை, நானே தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

நான் கேட்பது இதுதான். இவற்றையெல்லாம் தமிழில் ஒரு தாளில் அச்சடித்து, ராத்திரியில் டாக்டரே எடுக்கும் போன் நம்பரோடு கையில் கொடுங்கள். ஏற்கெனவே இரைப்பையில் ஆபரேஷன் ஆனவர்களை, குழந்தைக்குத் திட்டமிடும் பெண்களை முதல் நாளே கேட்டுத் திருப்பி அனுப்புங்கள். பலூன் எடுத்த பிறகும் ஆறு மாதம் டயட்டீஷியனைப் பார்க்கும் செலவைப் பேக்கேஜிலேயே சேருங்கள். விலை ஏறும், சரி. கல்யாணத் தேதியைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறவர்களில் சிலர் அந்த விலையைக் கேட்டுத் திரும்பிப் போவார்கள், உங்கள் வருமானமும் கொஞ்சம் குறையும். பரவாயில்லை.

இப்படிக்கு,
நோயாளியின் உறவினர் ஒருவர்