பத்தாம் வகுப்பு பரிணாமப் பாடம் பற்றி ஒரு கடிதம்

அன்பான பெற்றோருக்கு,

வணக்கம்.

போன வாரம் அறிவியல் பாடவேளையில் ஆசிரியை என்னைக் கூப்பிட்டு ஒரு மாணவனின் பாடப்புத்தகத்தைக் காட்டினார். பரிணாமம் பற்றிய பக்கங்களை மட்டும் ஒன்றாகச் சேர்த்து மூன்று இடத்தில் ஸ்டேப்ளர் பின் அடித்திருந்தது. வீட்டில் செய்த வேலை. பையன் பின்னைப் பிடுங்கவில்லை, அப்பா சொல்லைத் தட்டாதவன். ஆனால் புத்தகத்தை லேசாக வளைத்து, இரண்டு பின்களுக்கு நடுவிலிருந்த சந்தில் ஒற்றைக் கண்ணை வைத்துப் படித்துக்கொண்டிருந்தான்.

சிரிப்பு வந்தது, சங்கடமாகவும் இருந்தது. யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்லப்போவதில்லை. அந்த அப்பா மேல் எனக்குக் கோபமும் இல்லை. மகனுடைய விசுவாசம் கெட்டுவிடக் கூடாதே என்ற பயம்தான் அந்தப் பின்னை அடிக்க வைத்தது.

அதே வாரம் வேதபாட வகுப்பில், பைபிளின் முதல் நூலான ஆதியாகமத்தில் தேவன் ஆறு நாளில் உலகைப் படைத்ததைச் சொல்லும் முதல் அதிகாரம் நடந்தது. ஒரு மாணவி எழுந்து, "சூரியன் நாலாம் நாள்தானே வந்தது, அப்படியானால் முதல் மூன்று நாளுக்குச் சாயங்காலமும் விடியற்காலமும் எப்படி சார் வந்தது?" என்று கேட்டிருக்கிறாள். "அதிகப்பிரசங்கித்தனம் பண்ணாதே, உட்கார்" என்று பதில் கிடைத்தது. அடுத்த இரண்டு நாளும் எனக்குத் தொலைபேசி ஓயவில்லை. "குரங்கிலிருந்து வந்தோம் என்று சொல்லிக்கொடுக்கிறீர்களாமே" என்று சிலர். "இந்தக் காலத்திலும் ஆறு நாள் கதையா" என்று வேறு சிலர். இரு தரப்புக்கும் அரைகுறையாகச் சொன்னதை முழுதாக எழுதிவிடுகிறேன். கொஞ்சம் நீளம்தான், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த மாணவியின் கேள்வி. அது அதிகப்பிரசங்கித்தனம் இல்லை. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்னால் ஓரிகன் என்ற திருச்சபை அறிஞர் கிட்டத்தட்ட அதே வார்த்தைகளில் இதைக் கேட்டார். சூரியனும் சந்திரனும் நட்சத்திரமும் இல்லாமல் முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள் இருந்தது என்று புத்தியுள்ளவர் யார் நினைப்பார் என்றார். அந்த அதிகாரம் ஆழமான உண்மைகளை உருவகமாகச் சொல்கிறது என்பது அவருடைய முடிவு. அவருக்கு அடுத்த நூற்றாண்டில் வந்த ஆயர் பசிலியுவோ இதற்கு நேர்மாறு. நாள் என்றால் இருபத்துநாலு மணி நேரம்தான், புல் என்றால் புல்தான், சுற்றி வளைக்காதீர்கள் என்று பிரசங்கித்தார். இருவருமே வேதத்தை உயிராக நினைத்தவர்கள். டார்வின் பிறப்பதற்கு ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்பே இந்த விவாதம் நடந்திருக்கிறது என்பதைத்தான் நான் காட்ட விரும்புகிறேன். விஞ்ஞானத்துக்குப் பயந்து பின்னால் யாரோ கண்டுபிடித்த சமாளிப்பு என்று இதைத் தள்ளிவிட முடியாது.

திருச்சபையின் இன்னொரு பழைய அறிஞரான அகஸ்டீன் இன்னும் சுவாரசியமானவர். ஆதியாகமத்துக்கு எழுத்தின்படியான பொருள் என்ன என்று தனியாக ஒரு பெரிய நூலே எழுதினார். தேவன் எல்லாவற்றையும் ஒரே கணத்தில் படைத்தார், பிற்பாடு வெளிப்பட வேண்டியவை விதை போல உள்ளே வைக்கப்பட்டிருந்தன என்பது அவர் கருத்து. அதற்காக அவரைப் பரிணாமவாதி ஆக்கிவிட வேண்டாம். பூமிக்கு 6,000 ஆண்டுகூட ஆகவில்லை என்றுதான் அவரும் நம்பினார். ஆனால் அதே நூலில் ஓர் எச்சரிக்கை இருக்கிறது. வானத்தைப் பற்றியும் விலங்குகளைப் பற்றியும் விஷயம் தெரிந்த ஓர் அவிசுவாசி, ஒரு கிறிஸ்தவன் வேதத்தைக் காட்டி அந்த விஷயங்களைத் தப்பும் தவறுமாகப் பேசுவதைக் கேட்டால், உயிர்த்தெழுதலைப் பற்றி அதே வேதம் சொல்வதை எப்படி நம்புவான் என்று கேட்கிறார். ஸ்டேப்ளர் பின்னைப் பார்த்த அன்று எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

ஆறு நாள் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளும் நம்பிக்கையும் பழமையானதுதான். சீர்திருத்த சபைகளுக்கு வழிவகுத்த மார்ட்டின் லூத்தர் அப்படித்தான் நம்பினார். 1650இல் அயர்லாந்தின் பேராயர் ஜேம்ஸ் அஷர் வேதத்திலுள்ள வயதுகளையும் அரசர்களின் ஆண்டுகளையும் கூட்டிக் கழித்து, படைப்பு நடந்தது கி.மு. 4004 அக்டோபரில் என்று தேதியே குறித்தார். இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் உண்டு. நான் சிரிப்பதில்லை. கையில் கிடைத்த ஆவணங்களை வைத்து அந்தக் காலத்தில் செய்யக்கூடிய நேர்மையான கணக்கு அது. பாறைகளைப் படிக்க அப்போது யாருக்கும் தெரியாது.

பாறைகளைப் படிக்கத் தொடங்கியபோது கணக்கு உதைத்தது. அதற்கும் கிறிஸ்தவர்களே வழி தேடினார்கள். முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவில் நெடுங்காலம் கடந்திருக்கலாம் என்று ஸ்காட்லாந்து போதகர் தாமஸ் சால்மர்ஸ் 1814இல் எழுதினார். ஒவ்வொரு நாளும் ஒரு யுகம் என்று வேறு சிலர் சொன்னார்கள். எபிரேயத்தில் நாளுக்கு உள்ள 'யோம்' என்ற சொல் காலம் என்ற பொருளிலும் வரும் என்பது அவர்கள் வாதம். இதில் ஒரு வேடிக்கை உண்டு. 1925இல் அமெரிக்காவின் டெனசி மாநிலத்தில், பரிணாமம் கற்பித்ததற்காக ஜான் ஸ்கோப்ஸ் என்ற ஆசிரியர் மேல் வழக்கு நடந்தது. அவருக்கு எதிராக வேதத்துக்காக வாதாடிய வில்லியம் ஜென்னிங்ஸ் பிரையன், குறுக்கு விசாரணையில், அந்த நாட்கள் இருபத்துநாலு மணி நேரமாக இருக்க வேண்டியதில்லை என்று தாமே ஒப்புக்கொண்டார். ஆறே நாளில் படைப்பு, சில ஆயிரம் ஆண்டே ஆன இளம் பூமி, பாறை அடுக்குகள் எல்லாம் நோவா கால வெள்ளத்தில் உண்டானவை என்று சொல்லும் இன்றைய இயக்கம் பரவலாகச் சூடுபிடித்தது, விட்கம்ப், மாரிஸ் இருவரும் வெள்ளத்தைப் பற்றி எழுதிய 1961ஆம் ஆண்டு நூலுக்குப் பிறகுதான். உங்களில் பலர் காணொளிகளில் பார்ப்பது இந்த இயக்கத்தின் வாதங்களை. பழைய நம்பிக்கைதான், புது வேகம்.

சரி, டார்வினுக்கு வருவோம். 1859 நவம்பரில் பரிணாமத்தை விளக்கும் அவருடைய நூல் வெளிவந்தது. எல்லாப் போதகர்களும் கொதித்தெழுந்தார்கள் என்றுதான் பொதுவாக நினைக்கிறோம். எதிர்ப்பு பலமாகத்தான் இருந்தது. ஆனால் நூலை முன்கூட்டியே படித்துப் பாராட்டிக் கடிதம் எழுதியவர்களில் சார்ல்ஸ் கிங்ஸ்லி என்ற ஆங்கிலிகன் குருவானவரும் ஒருவர். தேவையான எல்லா வடிவங்களாகவும் தாமே வளரக்கூடிய உயிர்களைத் தேவன் படைத்தார் என்று நம்புவதும் தேவனைப் பற்றிய மேன்மையான எண்ணம்தான் என்று அவர் எழுதியிருந்தார். டார்வின் அதைப் பெயர் குறிப்பிடாமல் அடுத்த பதிப்பிலேயே சேர்த்துக்கொண்டார். அமெரிக்காவில் டார்வினுக்காக முன்னின்று வாதாடிய தாவரவியல் பேராசிரியர் ஏசா கிரே தவறாமல் சபைக்குப் போகிற விசுவாசி.

அப்புறம், இன்னொரு விஷயம். பின் அடித்த பக்கங்களுக்குச் சற்று முன்னால் பட்டாணிச் செடிகளின் படம் இருக்கும். அந்தப் பாடத்தின் நாயகன் கிரெகர் மெண்டல் ஒரு துறவி. அதுவும் அகஸ்டீன் பெயரால் அமைந்த சபையைச் சேர்ந்தவர், பின்னாளில் அந்த மடத்தின் தலைவரும் ஆனார். மடத்துத் தோட்டத்தில் சுமார் 28,000 செடிகளை வளர்த்து எண்ணி, 1866இல் முடிவுகளை வெளியிட்டார். டார்வின் நூலின் ஜெர்மன் மொழிபெயர்ப்பை வாங்கிப் பென்சிலால் ஓரத்தில் கோடு போட்டுப் படித்திருக்கிறார். அந்தப் பிரதி இன்றும் இருக்கிறது. பின்னாளில் பரிணாமக் கொள்கைக்கு அடித்தளமே அவருடைய மரபியல்தான். அந்த அப்பா பாதுகாக்க நினைத்த பக்கத்துக்கும் பூட்டி வைத்த பக்கத்துக்கும் இடையில் அவ்வளவு தூரமில்லை.

இன்று சபைகள் எங்கே நிற்கின்றன? ஒரே இடத்தில் இல்லை. கத்தோலிக்கத் திருச்சபை 1950இல், போப் பன்னிரண்டாம் பயஸ் காலத்தில், மனித உடலின் தோற்றத்தைப் பற்றிப் பரிணாமக் கண்ணோட்டத்தில் ஆராயத் தடையில்லை என்றது, ஆனால் ஆன்மாவை இறைவனே நேரடியாகப் படைக்கிறார் என்றும் சொன்னது. 1996இல் போப் இரண்டாம் யோவான் பவுல், பரிணாமம் வெறும் ஊகம் என்ற நிலையைத் தாண்டிவிட்டது என்றார். சீர்திருத்த சபைகளில் பல இதைப் பிரச்சினையாகவே பார்ப்பதில்லை. ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபை போன்றவை ஆறு நாளில் உறுதியாக நிற்கின்றன. மனித மரபணுத் தொகுதியைப் படித்தறியும் திட்டத்துக்குத் தலைமை தாங்கிய பிரான்சிஸ் காலின்ஸ், தேவன் பரிணாமத்தின் வழியாகவே படைத்தார் என்று வெளிப்படையாகச் சொல்லும் கிறிஸ்தவர்.

இதனால் எல்லாம் சுமுகம் என்று எழுதினால் நான் உங்களை ஏமாற்றுவதாகும். நாட்களின் கணக்கு எளிதான பிரச்சினை. ஆதாம்தான் கடினம். ஒரே மனிதனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்தில் வந்தது என்று ரோமர் நிருபத்தில் பவுல் எழுதுகிறார். மனிதன் வருவதற்குக் கோடிக்கணக்கான ஆண்டுகளுக்கு முன்பே உயிர்கள் செத்துக்கொண்டிருந்தன என்றால் அதை எப்படிப் படிப்பது? அங்கே சொல்லப்படுவது ஆத்தும மரணம் என்கிறார்கள் சிலர். ஏற்கெனவே இருந்த மனிதக் கூட்டத்திலிருந்து தேவன் தெரிந்துகொண்ட ஒருவர் ஆதாம் என்கிறார்கள் வேறு சிலர். 'ஆதாமா' என்றால் எபிரேயத்தில் மண், ஆகவே ஆதாம் என்பது நம் எல்லாருடைய பெயர் என்பாரும் உண்டு. இவற்றில் எதுவும் எல்லாரையும் திருப்திப்படுத்தவில்லை. இயற்கையிலுள்ள கொடூரம் இன்னொரு கேள்வி. உயிரோடிருக்கும் புழுவை உள்ளிருந்து தின்று வளரும் குளவிகளை அன்புள்ள கடவுள் திட்டமிட்டுப் படைத்தார் என்று தம்மால் நம்ப முடியவில்லை என்று டார்வின் 1860இல் ஏசா கிரேவுக்கு எழுதினார். கருத்து மாறுபட்டாலும் அந்த இருவரின் நட்பு முறியவில்லை. உங்கள் வீட்டில் இந்தக் கேள்வி எழுந்தால், பதில் தெரியாது என்று பிள்ளையிடம் சொல்வதில் வெட்கமில்லை.

இனி வகுப்பறை. குரங்கிலிருந்து மனிதன் வந்தான் என்று எங்கள் ஆசிரியை சொல்லவில்லை, பாடத்திலும் அப்படி இல்லை. இன்றைய மனிதக் குரங்குகளுக்கும் நமக்கும் பொதுவான மூதாதை இருந்தது என்பதுதான் பாடம். அண்ணன் தம்பியைப் பார்த்து ஒருவருக்கு மற்றவர் அப்பா என்று நாம் சொல்வதில்லை அல்லவா? ஒரு சான்று மட்டும் சொல்கிறேன். உயிரணுவுக்குள் மரபுச் செய்தியைச் சுமக்கும் இழைகளைக் குரோமோசோம்கள் என்கிறோம். சிம்பன்சிக்கும் கொரில்லாவுக்கும் அவை 24 ஜோடி, நமக்கு 23. ஒரு ஜோடி எங்கே போனது? நம்முடைய இரண்டாம் எண் குரோமோசோமின் நடுவில், வழக்கமாக முனைகளில் இருக்கும் டி.என்.ஏ. வரிசை இருக்கிறது. இரண்டு குரோமோசோம்கள் முனையோடு முனை ஒட்டிக்கொண்ட தழும்பு அது. இப்படிப்பட்ட சான்றுகள் குவிந்த பிறகுதான் விஞ்ஞானத்தில் ஒன்றைக் கோட்பாடு என்கிறார்கள். "சும்மா ஒரு தியரிதானே" என்று பேச்சுவழக்கில் சொல்கிற பொருளில் அல்ல.

ஆகவே அறிவியல் வகுப்பில் பரிணாமம் முழுதாகக் கற்பிக்கப்படும், மழுப்பாமல். ஆறு நாள் படைப்பை அதற்கு மாற்று விஞ்ஞானமாக அங்கே கற்பிக்க மாட்டோம். வேதபாட வகுப்பில் ஆதியாகமம் கற்பிக்கப்படும், அதை உயிரியல் நூலாக ஆக்காமல். சூரியனைத் தெய்வமாகக் கும்பிட்ட தேசங்களுக்கு நடுவில் வாழ்ந்த மக்களுக்கு, சூரியனுக்குப் பெயர்கூடச் சொல்லாமல் 'பெரிய சுடர்' என்று எழுதி அதைப் படைக்கப்பட்ட பொருளாக நான்காம் நாளில் நிறுத்தி வைத்த அதிகாரம் அது. அந்த மாணவியின் கேள்விக்கு விடை தேட நல்ல இடம் இதுதான் என்பது என் எண்ணம். அவளை உட்காரச் சொன்ன ஆசிரியரிடம் பேசினேன். அடுத்த வகுப்பை அந்தக் கேள்வியிலிருந்தே தொடங்குவதாகச் சொல்லியிருக்கிறார்.

மதிப்பெண் பற்றிப் பலர் கேட்டீர்கள். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு விடைத்தாளில், சூழலுக்குப் பொருந்தியவை பிழைத்துப் பெருகும் என்ற இயற்கைத் தேர்வை அருமையாக விளக்கிவிட்டு, கீழே சின்ன எழுத்தில் "ஆனால் நான் இதை நம்பவில்லை, மார்க் குறைத்துவிடாதீர்கள்" என்று ஒரு மாணவி எழுதியிருந்தாள். ஐந்துக்கு ஐந்து போட்டோம். பாடம் புரிந்ததா என்பதற்குத்தான் மதிப்பெண். நம்பிக்கைக்கு மதிப்பெண் போட எங்களுக்கு அதிகாரமில்லை. கிறிஸ்தவரல்லாத பிள்ளைகளுக்கும் இதே விதிதான்.

நம்புகிற பிள்ளையை யாரும் கேலி செய்யவும் விடமாட்டேன். இதைச் சொல்ல எனக்கு ஒரு காரணம் இருக்கிறது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு பள்ளியில், நானே உயிரியல் பாடம் எடுத்தேன். ஆதாமைப் பற்றிக் கேட்ட ஒரு பெண்ணிடம், "அதை உன் பாட்டியிடம் கேட்டுக்கொள்" என்றேன். வகுப்பே சிரித்தது. அந்த ஆண்டு முடியும் வரை அவள் எந்தப் பாடத்திலும் கை தூக்கவில்லை. கடைசி நாள் மன்னிப்புக் கேட்கலாம் என்று போனேன், அன்று அவள் வரவில்லை.

வரும் சனிக்கிழமை காலை 10 மணிக்கு நூலகத்தில் உட்கார்ந்து பேசுவோம். அறிவியல் ஆசிரியையும் வேதபாட ஆசிரியரும் ஒரே மேசையில் இருப்பார்கள். உங்கள் சபைப் போதகரை அழைத்து வர விரும்பினால் தாராளமாக வாருங்கள். பிள்ளைகளும் வரட்டும், கேள்வி அவர்களுடையதுதானே.

அந்தப் புத்தகத்தின் பின்களை நாங்கள் பிடுங்கவில்லை. அது உங்கள் வீட்டுப் பொருள். நீங்களே மகனோடு உட்கார்ந்து பிரித்து, இருவரும் சேர்ந்து அந்தப் பக்கங்களைப் படித்துவிட்டு சனிக்கிழமை வந்தால் எனக்கு மிகவும் சந்தோஷம். தாள் கிழியாமல் இருக்க, பின்னின் மடிந்த பக்கத்தை முதலில் நிமிர்த்திக்கொள்ளுங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்