மீனாவுக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள மீனாவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். இன்று வெறும் வயிற்றில் ரத்தச் சர்க்கரை அம்மாவுக்கு 124, சித்திக்கு 138, எனக்கு 131. ஆறரைக்கே நம் குடும்பக் குரூப்பில் போட்டாயிற்று. தென்னைக்கு ஆள் வந்து போனான்.

உன் எண்ணைத்தான் காணோம், மீட்டரில் ஏதாவது கோளாறா? ஸ்டிரிப் டப்பா திறந்து கிடந்தால் ஈரக்காற்று பட்டு எண் தாறுமாறாக வரும். ஒன்றை எடுத்ததும் மூடியை அழுத்தி மூடு. ஃப்ரிஜ்ஜில் வைக்காதே. காலாவதித் தேதியைப் பார். சோப்புப் போட்டுக் கை கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுக் குத்து. மாம்பழம் நறுக்கிய கையோடு பார்த்துச் சித்திக்கு 260 காட்டியதே, கழுவிவிட்டுப் பார்த்தால் 142. விரல் நுனியில் வேண்டாம், பக்கவாட்டில் குத்து, வலி குறைவு. ரத்தம் வராவிட்டால் பிதுக்காதே, சதையில் இருக்கும் நீரும் கலந்து எண் தப்பாகும். கையைத் தொங்கவிட்டு உதறினால் போதும்.

ராத்திரி சீக்கிரம் சாப்பிட்டும் காலையில் ஏறியிருந்தால் அது உன் குற்றமில்லை அம்மா. விடியற்காலையில் கார்ட்டிசால் மாதிரி ஹார்மோன்கள் கூடும். கல்லீரல் தன்னிடமுள்ள சர்க்கரையை ரத்தத்தில் விடும். நமக்கு இன்சுலின் போதாததால் அது அப்படியே நிற்கும். மூன்று நாள் மட்டும் படுக்கும்போதும், மூன்று மணிக்கும், எழுந்ததும் பார்த்துத் தாளில் எழுது. படுக்கும்போதே அதிகமென்றால் ராத்திரிச் சாப்பாட்டைப் பார்க்க வேண்டும். மூன்று மணிக்குச் சரியாக இருந்து ஆறு மணிக்கு ஏறினால் இந்த விடியற்கால ஏற்றம்தான். 70-க்குக் கீழே போயிருந்தால் உடனே மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் குடி, கால் மணி கழித்து மறுபடி பார். தாளை டாக்டரிடம் காட்டு. மாத்திரையை நீயாகக் கூட்டாதே, குறைக்காதே.

குரூப்பை ஆரம்பித்ததே நீதான். அம்மாவுக்கு லான்செட் ஊசி மாற்றக் கற்றுக்கொடுத்ததும் நீதான். அவளே ஒரு நாள் விடுவதில்லை. நீ ஒன்பது நாளாக ஒன்றும் போடவில்லை. பெரியப்பாவும் முதலில் மீட்டரைத்தான் அலமாரியில் வைத்தார்.

நீ 212 போட்ட அன்று, "நேற்று என்ன தின்றாய்?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டது நான். அதற்கு மறுநாளிலிருந்துதான் உன் எண் இல்லை. இன்றுதான் மேலே தள்ளித் தள்ளித் தேதி பார்த்தேன். கேட்ட எனக்கு அந்த உரிமையும் கிடையாது. போன தையில் மீட்டர் 187 காட்டியபோதெல்லாம் நான் 137 என்று போட்டேன். டாக்டரிடம் கொண்டுபோன நோட்டிலும் அதையே எழுதினேன். அதை நம்பி அவர் மருந்தை மாற்றவில்லை. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c ரத்தப் பரிசோதனையில் 8.4 சதவீதம் வந்தபோதுதான் வெளிப்பட்டது. அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

80-லிருந்து 130-க்குள் வரவேண்டும் என்பது சரி. வராத நாளின் எண்ணும் வேண்டும், அந்த எண்ணை வைத்துத்தான் மருந்தே. எத்தனை இருந்தாலும் போடு, ஒன்றும் கேட்கமாட்டேன். குரூப்பில் வேண்டாமென்றால் எனக்கு மட்டும் அனுப்பு. கை கழுவிவிட்டுக் குத்து.

ஸ்டிரிப் வாங்கி அனுப்புகிறேன். ஒரு மீட்டரின் ஸ்டிரிப் இன்னொன்றுக்குச் சேராது, அதனால் உன் மீட்டரின் பின்பக்கத்தைப் போட்டோ எடுத்து அனுப்பு.

அப்பா