பெயர் வெட்டும் மெஷின்: முருகேசனுக்கு ஒரு கடிதம்

கோயம்புத்தூர்

அன்புள்ள முருகேசா,

இங்கே எல்லோரும் சுகம். உன் கடிதமும் அதோடு வைத்திருந்த மூன்று கொட்டேஷன்களும் வந்து சேர்ந்தன. கும்பகோணத்தில் கடை பிடித்துவிட்டாய், அதுவும் மண்டபங்களுக்கும் பாத்திரக்கடைகளுக்கும் நடுவில் என்று படித்ததில் ரொம்ப சந்தோஷம். டிசைன் வேலையை மகள் பார்த்துக்கொள்வாள் என்றால் பாதிப் பாரம் இறங்கிவிட்டது. மீதி மெஷின். பாத்திரத்திலும் அன்பளிப்புச் சாமானிலும் பெயர் வெட்ட எந்த லேசர் மெஷின் வாங்குவது என்று நீ கேட்டதற்குக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

மூன்று கொட்டேஷனிலும் "எல்லா மெட்டீரியலுக்கும் ஏற்றது" என்று ஒரு வரி இருக்கிறது. அதை அடித்துவிட்டு மற்றதைப் படி. லேசர் ஒளியை எந்தப் பொருள் உறிஞ்சுகிறதோ அதில்தான் வேலை நடக்கும். எது எதை உறிஞ்சும் என்பது அலைநீளத்தைப் பொறுத்தது. வாட் எல்லாம் அதற்கு அப்புறம். முதல் கொட்டேஷனில் இருக்கும் சிஓடூ, அதாவது கரியமிலவாயு லேசர் 10,600 நானோமீட்டர். மரம், அக்ரிலிக், தோல், ரப்பர், கண்ணாடி, பாலிஷ் போட்ட கருங்கல் எல்லாவற்றிலும் அருமையாக விழும். ஆனால் வெறும் எவர்சில்வரில் பட்டால் திரும்பிப் போய்விடும். இரண்டாவது, 20 வாட் ஃபைபர் லேசர், 1,064 நானோமீட்டர். அதற்கு உலோகம்தான் இரை. மரத்திலும் தெளிந்த அக்ரிலிக்கிலும் உருப்படியாக ஒன்றும் வராது. மூன்றாவதாக வைத்திருக்கிறாயே, மேஜைமேல் வைக்கும் சின்ன மெஷின், அதில் 10 வாட் நீல டயோடும் 2 வாட் இன்ஃப்ராரெட்டும் சேர்ந்து இருக்கின்றன. டயோடு மரத்துக்கும் தோலுக்கும், இன்ஃப்ராரெட் உலோகத்துக்கு. கண்காட்சி ஸ்டாலில் ஒரு கீ செயின், ஒரு பேனா என்று போட்டுக்கொடுக்க நல்ல சாமான். நாள் முழுக்க டம்ளர் ஓட்ட அந்த 2 வாட் காணாது.

ஆகவே முதலில் பார்க்க வேண்டியது, உன் கடைப் படியேறி வருகிறவன் கையில் என்ன இருக்கும் என்பது. உன் தெருவில் அது பாத்திரம்தான். சீர் வரிசைக் குடம், தாம்பாளம், சொம்பு, ரிட்டர்ன் கிஃப்ட் டம்ளர், கிண்ணம், வெள்ளிக் குங்குமச் சிமிழ், பித்தளை விளக்கு. இந்த ஊருக்கு ஃபைபர்தான் முதல் மெஷின் என்பேன். சிஓடூ இரண்டாவது, ஒரு கல்யாண சீசன் ஓடிய பிறகு.

ஒன்று மட்டும் கணக்கில் வைத்துக்கொள். பாத்திரக்கடையில் அதிர்கிற ஊசிப் பேனாவை வைத்துப் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டிக்கொடுப்பது நம் ஜனங்களுக்குப் பழகிப்போன விஷயம். சில கடையில் எழுத்துக்கு இவ்வளவு என்பார்கள், சில கடையில் பாத்திரம் வாங்கினால் சும்மாவே வெட்டித் தருவார்கள். வெறும் பெயரை வைத்து அவர்களோடு நீ மோத முடியாது. ஊசிப் பேனாவால் முடியாதது மூன்று: கோலம், மயில், சின்னம் மாதிரி கோட்டோவியம்; நல்ல அச்செழுத்து; முந்நூறு டம்ளரும் அச்சு அசலாக ஒன்றுபோல இருப்பது. உன் விலை அங்கேதான்.

வேகத்தைப் பார். 40 மி.மீ. அகலம், 15 மி.மீ. உயரத்தில் ஒரு பெயர்க்கட்டம். கோட்டுக்குக் கோடு 0.05 மி.மீ. இடைவெளி வைத்தால் 300 கோடு, மொத்தம் 12 மீட்டர். ஃபைபர் மெஷினில் ஒளியைத் திருப்பும் கால்வோ என்ற குட்டிக் கண்ணாடிகள் மட்டும் அசைவதால் நொடிக்கு 1,000 மி.மீ. வேகத்தில் கட்டம் முழுவதையும் நிரப்பினாலே 12 நொடி. எழுத்து மட்டும் என்றால் அதில் பாதிகூட ஆகாது. எடுத்து வைக்கிற நேரத்தையும் சேர்த்து டம்ளருக்கு 20 நொடி போட்டால் முந்நூறு டம்ளர் 100 நிமிடத்தில் முடிந்துவிடும். தலை ஓடி ஓடித் திரும்புகிற சிஓடூ மெஷினில் 0.1 மி.மீ. இடைவெளி வைத்தாலும் அதே கட்டத்துக்கு அரை நிமிடத்துக்கு மேல் பிடிக்கும்.

இனி ஃபைபரில் எதை வாங்குவது. மோப்பா என்று கூடுதல் விலையில் ஒன்று காட்டுவார்கள். அதில் லேசர் துடிப்பின் நீளத்தை மாற்றலாம். அதனால் அனோடைஸ் செய்த அலுமினியத்தில் கறுப்பும், எவர்சில்வரில் நீலம், பொன் என்று நிறங்களும் வரும். ஷோகேஸில் பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நிறம் மெல்லிய ஆக்சைடு படலம். புளியும் நாரும் போட்டுத் தேய்க்கிற பாத்திரத்தில் நிற்காது. பேனா, விசிட்டிங் கார்டு ஆர்டர் நிறைய வரும் என்றால் யோசி. இல்லாவிட்டால் அந்தப் பணத்தை லென்ஸிலும், பாத்திரத்தைச் சுழற்றிக்கொடுக்கும் ரோட்டரியிலும் போடு.

லென்ஸ் விஷயத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். எஃப் 160 (குவியத் தூரம் 160 மி.மீ.) லென்ஸ் போட்டால் வேலைப் பரப்பு 110க்கு 110 மி.மீ.; எஃப் 254 என்றால் 175க்கு 175. பெரிய லென்ஸில் ஒளிப்புள்ளியும் பெரிதாகும், அடியின் உறைப்பு குறையும், பொடி எழுத்து மழுங்கும். இரண்டையும் வாங்கிக்கொள், திருகிக் கழற்றி மாட்டுகிற சாமான்தான். லென்ஸை மாற்றும்போது அதற்கான திருத்தக் கோப்பையும் மென்பொருளில் மாற்ற வேண்டும். மறந்தால் சதுரம் பீப்பாய் மாதிரி வீங்கி வரும்.

லேசர் தலையை மேலே தாங்கி நிற்கும் தூணின் உயரத்தையும் கேள். எஃப் 160 லென்ஸுக்கும் பொருளுக்கும் நடுவே சுமார் 18 செ.மீ., எஃப் 254க்குச் சுமார் 30 செ.மீ. வேண்டும். 25 செ.மீ. விட்டமுள்ள குடத்தைப் படுக்கவைத்தால் பெரிய லென்ஸுக்கு 55 செ.மீ. ஆகிறது. 50 செ.மீ. தூண் வந்து இறங்கினால் குடம் உள்ளேயே போகாது. கொட்டேஷனில் தூண் அளவே இல்லை, எழுதி வாங்கு.

டம்ளருக்கு ரோட்டரி கட்டாயமா என்று கேட்டிருந்தாய். எப்போதும் வேண்டியதில்லை. ஃபோகஸ் ஏறத்தாழ 2 மி.மீ. வரை தாங்கும். 70 மி.மீ. விட்ட டம்ளரில் 20 மி.மீ. அகலத்துக்குப் பெயர் போட்டால் நடுவுக்கும் ஓரத்துக்கும் பள்ளம் 1.5 மி.மீ.க்குள் அடங்கும். அகலம் 30 ஆனால் பள்ளம் 3.4 மி.மீ. ஆகிவிடும், ஓர எழுத்து வெளிறிப்போகும். ஆகவே சின்னப் பெயரை, அல்லது பெயரை இரண்டு வரியாக மடக்கி, மர அச்சில் டம்ளரைப் படுக்கவைத்தே ஓட்டலாம். சுற்றி வரும் வரிக்கும் பூவேலைக்கும்தான் ரோட்டரி. உருளை வகையை விடத் தாடை வைத்துப் பிடிக்கிற சக் வகை வாங்கு. நம் டம்ளர் வாய் அகன்று அடி குறுகியது, உருளையில் வைத்தால் ஒரு பக்கமாக நகர்ந்துகொண்டே போகும். சக்கில் பிடித்தாலும் மேல்பரப்பு மட்டமாகும்வரை ரோட்டரியைச் சாய்த்து வைக்க வேண்டும்.

எவர்சில்வருக்கு ஆரம்ப அளவு: 20 வாட், எஃப் 160, பவர் 50 சதவீதம், வேகம் 1,000, ஃப்ரீக்வென்சி 30 கிலோஹெர்ட்ஸ், கோட்டு இடைவெளி 0.05, குறுக்கும் நெடுக்குமாக இரண்டு ஓட்டம். அங்கிருந்து கூட்டிக் குறைத்துப் பார்த்துக்கொள். கறுப்பாக வர வேண்டும் என்று மெதுவாக ஓட்டினால் சூட்டில் மேல்தோல் கெடும், நாலு முறை கழுவினதும் எழுத்தில் துரு நிறம் கசியும். அப்படி ஓட்ட நேர்ந்தால் கடைசியில் ஒரு வேகமான மெல்லிய ஓட்டம் கொடுத்துச் சுத்தம் செய்துவிட்டு, எலுமிச்சை உப்பு (சிட்ரிக் ஆசிட்) 5 கிராமை 100 மி.லி. வெந்நீரில் கரைத்து அரைமணி ஊறவைத்துக் கழுவு. சாப்பாடு படுகிற உள்பக்கத்தில் எதையும் வெட்டாதே.

பித்தளையிலும் வெள்ளியிலும் ஒளி திரும்பி லென்ஸ் வழியே மேலே ஏறும். பொருளை ஓரிரு டிகிரி சாய்த்து வை. பித்தளை அன்பளிப்புச் சாமான் பலவற்றின்மேல் லேக்கர் என்ற நிறமில்லாத பூச்சு இருக்கும். எழுத்து ஓரத்தில் அது எரிந்து விட்ட இடம் சில வாரத்தில் கறுக்கும், அதனால் வெட்டி முடித்துத் துடைத்து மறுபடி லேக்கர் அடித்துத்தான் கொடுக்க வேண்டும்.

இப்போது தமிழ் எழுத்து. மெஷினோடு வரும் ஈசிகேட் மென்பொருளில் நேராகத் தமிழைத் தட்டாதே என்று மகளிடம் சொல். எழுத்தைக் கோக்கத் தெரியாத மென்பொருளில் 'கொ'வின் கொம்பு இடம் மாறி நிற்கும். இங்க்ஸ்கேப்பிலோ கோரல்டிராவிலோ வாசகத்தை அடித்து, வளைகோடாக மாற்றி, டிஎக்ஸ்எஃப் கோப்பாக ஏற்றட்டும். பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் வாடிக்கையாளர் கொண்டுவருகிற பத்திரிகைக்கும் இதே வழி. அதில் ஒரு கண்ணி இருக்கிறது. சில எழுத்துருவில் கொக்கியும் சுழியும் தாய் எழுத்தின்மேல் லேசாக ஏறி நிற்கும். திரையில் தெரியாது. நிரப்பும்போது இரண்டு வடிவம் ஒன்றன்மேல் ஒன்று விழுகிற இடத்தை மென்பொருள் ஓட்டை என்று எடுத்துக்கொண்டு வெட்டாமல் விட்டுவிடும். 'கு'வின் வாலில் வெள்ளைக் கீறல் விழும். வளைகோடாக்கியதும் எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துவிட்டால் தீர்ந்தது. எழுத்து உயரம் 3 மி.மீ.க்குக் கீழே போகக்கூடாது. போனால் மெய்யெழுத்தின் புள்ளி கரைந்து பெயரே வேறாகிவிடும். கல்யாணத் தாம்பாளத்தில் அது நடந்தால் சண்டைதான்.

பார்க்கப் போகும்போது அவர்கள் வைத்திருக்கும் சாம்பிளைப் பார்த்துத் தலையாட்டாதே. உன் தெருவில் வாங்கிய டம்ளர், சொம்பு, பித்தளைத் தகடு மூன்றையும் கொண்டுபோ. 100 மி.மீ. சதுரம் போடச் சொல்லி மூலைக்கு மூலை அள. இரண்டு குறுக்கும் 141.4 வர வேண்டும். பரப்பின் நாலு மூலையிலும் ஒரே பெயரைப் போடச் சொல். ஒரு மூலை வெளிறினால் தலை மட்டமாக இல்லை என்று அர்த்தம். வாங்கி வந்த அன்றே ஈசிகேட் ஃபோல்டரை முழுசாகப் பென்டிரைவில் பிரதி எடுத்து வை. அமைப்பும் திருத்தமும் அதற்குள்தான் இருக்கின்றன, கம்ப்யூட்டர் படுத்துவிட்டால் அதுதான் கைகொடுக்கும். எர்த்திங் சரியாக இருக்கட்டும். வெட்டும்போது கரண்டு போனால் அந்தப் பாத்திரம் உன் கணக்கு; யுபிஎஸ் இல்லாமல் ஓட்டாதே.

கண் விஷயத்தில் விளையாட்டே வேண்டாம். ஃபைபர் ஒளி கண்ணுக்குத் தெரியாது, நேராக விழித்திரைக்குப் போகும். பளபளப்பான வளைந்த டம்ளர் அதைக் கடை முழுக்கத் தெறிக்கவிடும். சிஓடூ ஒளியைச் சாதா அக்ரிலிக் மூடி தடுத்துவிடும் என்பதால் ஃபைபருக்கும் அதுவே போதும் என்று நினைக்கிறார்கள். அக்ரிலிக் வழியாக 1,064 தாராளமாகப் போகும். அந்த எண் அச்சிட்ட பாதுகாப்பு மூக்குக்கண்ணாடியும், அதே எண்ணுக்கான வடிகட்டிப் பலகை வைத்த பெட்டியும் வேண்டும். கல்யாண வீட்டுக் குழந்தைகள் எட்டிப் பார்க்காமல் இருக்க மாட்டார்கள்.

சிஓடூ பிறகு வாங்கும்போது இரண்டு விஷயம். கொட்டேஷனில் சிடபிள்யூ 3000 குளிர்விப்பான் என்று போட்டிருக்கிறது. அது வெறும் ரேடியேட்டரும் ஃபேனும். அறைச் சூட்டுக்குக் கீழே தண்ணீரை இறக்காது. சித்திரை வெயிலில் 38 டிகிரித் தண்ணீர் ஓடினால் லேசர் குழாய் சீக்கிரம் சாகும். கம்ப்ரஸர் உள்ள 5000 கேள். ஐப்பசி மழையில் அதையும் 18க்கு இறக்காதே, குழாய்மேல் வேர்த்து மின்பொறி பாயும். 22 முதல் 25 வரை நல்லது. இன்னொன்று ரெக்ஸின். 'லெதர்' பர்ஸ் என்று வருவதில் பல பிவிசி. சுட்டால் ஹைட்ரஜன் குளோரைடு புகை, நெஞ்சுக்கும் கேடு, மெஷின் தண்டெல்லாம் துருப்பிடிக்கும். பழுக்கக் காய்ச்சிய செம்புக் கம்பியால் ஓரத்தைத் தொட்டு மறுபடி தீயில் காட்டு. சுடர் பச்சையானால் திருப்பிக் கொடுத்துவிடு.

கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் முன்பணம் கொடுக்கும் முன்பே மாவட்டத் தொழில் மையத்துக்குப் போய்விடு. மானியத்தோடு கடன் தரும் மத்திய அரசின் பிஎம்இஜிபி திட்டத்தில் முதல் கடன் புதுத் தொழிலுக்கு மட்டும்தான். மெஷினை வாங்கி ஓட்ட ஆரம்பித்த பிறகு மானியம் கேட்டால் கிடைக்காது. ஆடியில் மண்டபங்கள் காலியாக இருக்கும். அந்த மாதத்தில் மெஷின் இறங்கினால் ஆவணி முகூர்த்தத்துக்குள் கை பழகிவிடும்.

உன் பக்கத்துக் கடைகளில் அதிகமாக விற்கிற ஐந்து சாமானின் விட்டமும் உயரமும், பெயர் விழ வேண்டிய இடத்தின் அகலமும் அளந்து எழுது. பெரிய தாம்பாளத்தையும் சேர்த்துக்கொள். எந்த லென்ஸ், எவ்வளவு தூண் என்று அதைப் பார்த்துச் சொல்கிறேன். அம்மாவைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ரவி